'ரீஇன்ஃபோர்ஸ்மென்ட்': கம்பியிலிருந்து வகுப்பறை வரை

ஆங்கிலச் சொற்களைப் பற்றி வாசகர்கள் இந்த முறை அனுப்பிய கேள்விகளில் பாதிக்கு மேல் ஒரே சொல்லைப் பற்றியவை. கட்டட வேலைக்காரர், பி.எட். மாணவி, விவசாயி, ஒரு தாய் என்று ஆளுக்கொரு பக்கத்திலிருந்து கேட்டிருக்கிறார்கள். அதனால் மற்றக் கேள்விகளை ஒதுக்கிவைத்து, 'ரீஇன்ஃபோர்ஸ்மென்ட்' ஒன்றையே எடுத்துக்கொண்டேன். ஏற்கெனவே இருக்கும் ஒன்றுக்குக் கூடுதல் பலம் சேர்ப்பது என்பதுதான் இதன் அடிப்படைப் பொருள். இல்லாததைப் புதிதாக உண்டாக்குவதற்கு இந்தச் சொல் வராது.

சாரே, நான் சென்ட்ரிங் வேலை பாக்குறேன். வளைகுடாவுல சைட் சூப்பர்வைசர் வேலைக்கு இன்டர்வியூ. 'ரீஇன்ஃபோர்ஸ்மென்ட்ஸ் ஹேவ் கம்'னு சொன்னேன், கேட்டவரு ஒரு மாதிரி பாத்தாரு. என்ன தப்பு? – மார்த்தாண்டம்

கடைசியில் சேர்த்த 'ஸ்' தான் தம்பி. பன்மையில் சொன்னால் உதவிக்கு அனுப்பிய கூடுதல் படை, கூடுதல் போலீஸ் என்றே ஆங்கிலக் காதில் விழும். கம்பியைக் குறிக்கும்போது ஒருமையிலேயே நிறுத்துங்கள்: 'தி ரீஇன்ஃபோர்ஸ்மென்ட் ஹாஸ் அரைவ்ட்'. எண்ணிச் சொல்ல வேண்டுமானால் 'பார்ஸ்'. கம்பியைப் பொதுவாக 'ரீபார்' என்றும் சொல்லலாம்.

வேறு சில சொற்களையும் தெரிந்துவைத்துக்கொள்ளுங்கள், இன்டர்வியூவில் உதவும். நீளக் கம்பிகளைச் சுற்றிக் கட்டும் வளையத்தை நாம் ரிங் என்கிறோமே, அதை 'ஸ்டிரப்' என்பார்கள். பிரிட்டிஷ் வழக்கம் உள்ள கம்பெனிகளில் 'லிங்க்'. கம்பி பலகையில் ஒட்டாமல் தள்ளி நிற்க வைக்கும் கவர் பிளாக்குக்கு அங்கே 'ஸ்பேசர்'. கான்கிரீட் ஊற்றப் பலகை அடிக்கும் வேலையைச் சென்ட்ரிங் என்றால் பலருக்குப் புரியாது, 'ஃபார்ம்வொர்க்' என்று சொல்லுங்கள். முட்டுக்கு 'ப்ராப்'.

முட்டு, கம்பி இரண்டையும் ஒரே சொல்லில் அடக்கிவிடாதீர்கள். இரண்டுமே தாங்குகின்றன என்றாலும் வேலை வேறு. முட்டு, கான்கிரீட் தன் காலில் நிற்கும் வரைக்கும்தான். கான்கிரீட் வேலைக்கான இந்தியத் தரவிதி ஐஎஸ் 456-ன் படி, தாங்கிகளுக்கு இடையே 4.5 மீட்டர் வரை தூரமுள்ள ஸ்லாப் என்றால் குறைந்தது 7 நாள், அதற்கு மேல் போனால் 14 நாள் கழித்து முட்டுகளைப் பிரிக்கலாம். கம்பி அப்படியில்லை, கட்டடம் உள்ள காலமெல்லாம் உள்ளேயே கிடக்கும். கான்கிரீட் அமுக்கத்தை நன்றாகத் தாங்கும், இழுவிசையைத் தாங்காது; அந்தக் குறையைக் கம்பி நிரப்புகிறது. ஆகவே முட்டு வெறும் சப்போர்ட், கம்பிதான் ரீஇன்ஃபோர்ஸ்மென்ட்.

குளச்சல், முட்டம் பக்கம் வீடு கட்டுகிறவர்களுக்கும் இங்கேயே ஒன்று சொல்லிவிடுகிறேன். கடற்கரைச் சூழலை அதே விதி 'கடுமையான' வகையில் வைத்து, கம்பிக்கு வெளியே 45 மில்லிமீட்டர் கான்கிரீட் கேட்கிறது. உப்புக்காற்று கம்பியைத் தொட்டுவிட்டால் துருப்பிடித்து ஊதும், வெளிப்பூச்சு பிளந்து விழும். கவர் பிளாக்கில் மிச்சம் பிடிக்கவே வேண்டாம்.

'நெகட்டிவ் ரீஇன்ஃபோர்ஸ்மென்ட்' என்பது தண்டனைதானே சார்? தோழிகள் எல்லோரும் அப்படித்தான் எழுதுகிறோம். – பி.எட். மாணவி, நாகர்கோவில்

இல்லை அம்மா. தேர்வில் மதிப்பெண் போகும் இடமே இதுதான், கொஞ்சம் பொறுமையாகப் பாருங்கள்.

இந்தக் கருத்தை விரிவாக வளர்த்தவர் அமெரிக்க உளவியலாளர் ஸ்கின்னர் (1904–1990). அவர் வழியில் 'ரீஇன்ஃபோர்ஸ்மென்ட்' என்று வந்தாலே அந்தச் செயல் இனி அதிகமாக நடக்கும் என்று பொருள். தண்டனை என்றால் செயல் குறையும். பாசிட்டிவ், நெகட்டிவ் இரண்டும் நல்லது, கெட்டது அல்ல. ஒன்றைக் கொடுப்பது, ஒன்றை எடுப்பது என்றே பொருள்.

காரில் ஏறியதும் சீட் பெல்ட் போடும்வரை பீப் பீப் என்று கத்துகிறதே, அதை எடுத்துக்கொள்வோம். பெல்ட்டை மாட்டியதும் சத்தம் நிற்கிறது. தொல்லை நீங்குவதால் பெல்ட் போடும் பழக்கம் வலுப்படுகிறது. இது நெகட்டிவ் ரீஇன்ஃபோர்ஸ்மென்ட். வகுப்பில், ஐந்து நாளும் வீட்டுப்பாடம் முடித்து வந்தால் சனி, ஞாயிறு வீட்டுப்பாடம் கிடையாது என்று ஆசிரியர் சொல்லி, அதனால் பிள்ளைகள் ஒழுங்காக முடித்து வரத் தொடங்கினால் அதுவும் இதே வகை. பாராட்டிப் பேனா கொடுப்பது பாசிட்டிவ். முட்டிபோட வைப்பது தண்டனை. பேசிக்கொண்டே இருந்ததற்காக விளையாட்டு நேரத்தைப் பறித்தால், ஒன்றை எடுத்திருந்தாலும் அதுவும் தண்டனைதான், ஏனென்றால் அதனால் பேச்சு குறைகிறது.

தமிழில் எழுதுவதானால் 'எதிர்மறை வலுவூட்டல்' என்று எழுதுங்கள். வலு ஊட்டுவது எப்படித் தண்டனையாகும் என்று அந்தச் சொல்லே கேட்டுவிடும்.

மகளின் டைரியில் டீச்சர் 'நீட்ஸ் ரீஇன்ஃபோர்ஸ்மென்ட் அட் ஹோம்' என்று எழுதியிருக்கிறார். கண்டிக்கச் சொல்கிறாரா? அவள் அப்பா கோபத்தில் இருக்கிறார். – திங்கள்சந்தை

கண்டிக்கவே சொல்லவில்லை, முதலில் அவள் அப்பாவிடம் அதைச் சொல்லுங்கள். பள்ளியில் நடத்திய பாடத்தை வீட்டில் மறுபடி ஒருமுறை பார்க்கவையுங்கள் என்பதே பொருள். பிள்ளைக்குப் பாடம் பிடிபட்டிருக்கிறது, இன்னும் பதியவில்லை. சாப்பாட்டுக்குப் பிறகு பத்து நிமிடம் பக்கத்தில் உட்கார்ந்து கேட்டாலே போதும். ஆசிரியர்களும் இப்படி ஒற்றை வரி எழுதும்போது பெற்றோருக்குப் புரிகிற சொல்லாக எழுதலாம். அடி வாங்கப்போவது ஒரு குழந்தை.

சட்டம் ஒழுங்குக்கு 'லா ரீஇன்ஃபோர்ஸ்மென்ட்' சரியா? – தக்கலை

தவறு. சட்டத்தைச் செயல்படுத்துவது 'என்ஃபோர்ஸ்மென்ட்'. அமலாக்கத் துறைக்கும் அந்தச் சொல்தான். ஓர் இடத்தில் இருக்கும் போலீஸ் போதாமல் கூடுதலாக ஆட்களை இறக்கினால், அவர்கள் 'ரீஇன்ஃபோர்ஸ்மென்ட்ஸ்'. முதல் கேள்வியில் தவறாக இருந்த 'ஸ்' இங்கே கட்டாயம் வேண்டும்.

நேந்திரன் வாழைக்குக் கம்பு ஊன்றிய செலவை பேங்க் விண்ணப்பத்தில் ஆங்கிலத்தில் எப்படி எழுத? – திருவட்டாறு

'ப்ராப்பிங்' என்று எழுதுங்கள் அண்ணாச்சி. 'ப்ராப்பிங் ஆஃப் பனானா பிளான்ட்ஸ்' என்று ஒரு வரி, பக்கத்தில் தொகை. ரீஇன்ஃபோர்ஸ்மென்ட் இங்கே ஒட்டாது. குலை வெட்டியதும் கம்பை உருவிவிடுவோம் அல்லவா. 2017-ல் ஒக்கி புயல் அடித்த அடியை நம் கன்னியாகுமரி மாவட்டத்து வாழைக்காரர்கள் யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. இந்தச் செலவை விண்ணப்பத்தில் விடாமல் காட்டுங்கள்.

இதற்கு இணையான சொற்கள் சில தாருங்கள். – கல்லூரி மாணவர், குழித்துறை

எல்லா இடத்துக்கும் பொருந்துவது 'ஸ்ட்ரெங்தனிங்'. ஆளுக்கோ கருத்துக்கோ ஆதரவு என்றால் 'பேக்கிங்'. உற்சாகம், விற்பனை போன்றவை கூடினால் 'பூஸ்ட்'. தளர்ந்த மூட்டுக்கோ சுவருக்கோ வெளியிலிருந்து பிடிமானம் கொடுத்தால் 'பிரேஸ்'. 'பேக்கப்' சற்று விலகியது: ஒன்று கைவிட்டால் எடுத்துக்கொள்ள வைத்திருக்கும் மாற்று அது. கரண்ட் போனால் ஓடும் ஜெனரேட்டர் பேக்கப். அதை ரீஇன்ஃபோர்ஸ்மென்ட் என்றால் தவறு.

'ஃபார்ட்டிஃபிகேஷன்' கோட்டைகளைப் பலப்படுத்துவதற்கு வரும் சொல். 1741 குளச்சல் போரில் பிடிபட்ட டச்சுப் படைத்தலைவர் டி லனோய், பிறகு திருவிதாங்கூர் மன்னர் மார்த்தாண்ட வர்மாவுக்காக உதயகிரிக் கோட்டையைப் பலப்படுத்தினாரே, அந்த வேலைக்குச் சரியான சொல் இது. இரும்புச்சத்து, ஃபோலிக் அமிலம், வைட்டமின் பி12 சேர்த்துச் செறிவூட்டப்பட்ட அரிசிக்கும் இதே சொல்லைப் பயன்படுத்துகிறார்கள்.

உச்சரிப்பு? – கொட்டாரம்

ரீ-இன்-ஃபோர்ஸ்-மென்ட். அழுத்தம் 'ஃபோர்ஸ்' மீது விழ வேண்டும். ஆங்கிலத்தில் எழுதும்போது (reinforcement) நடுவில் கோடு போடாதீர்கள், 'மென்ட்'டுக்கு முன்னால் உள்ள 'e' எழுத்தையும் விட்டுவிடாதீர்கள்.