ஹெல்மெட் போட மறுக்கும் அப்பா

கேள்வி: சிட்னியில் பரமட்டா பக்கம் வசிக்கிறேன். கும்பகோணத்திலிருந்து அப்பா ஆறு மாத விசாவில் வந்திருக்கிறார். வயது 71, ஓய்வு பெற்ற தலைமையாசிரியர். ஸ்டென்ட் வைத்தவர், ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடுகிறார். தினமும் என் கணவரின் சைக்கிளை எடுத்துக்கொண்டு ஆற்றோரச் சைக்கிள் பாதையில் போய் வருவார். மாலையில் என் மகனும் தன் சைக்கிளில் கூடப் போவான். அப்பா ஹெல்மெட் மட்டும் போடமாட்டார். ஒருமுறை போலீஸ்காரர் நிறுத்தி எச்சரித்தும் கேட்கவில்லை. “தஞ்சாவூர் ஜில்லா முழுக்க ஐம்பது வருஷம் சைக்கிள் மிதிச்சவன் நான். ஹாலந்துல யாரும் போடறதில்ல. இது அபராதம் வசூலிக்கப் போட்ட சட்டம்” என்கிறார். ஒன்பது வயது மகனோ “தாத்தா போடலையே, நான் மட்டும் ஏன்?” என்கிறான். சைக்கிளைப் பூட்டிச் சாவியை ஒளித்துவிடலாம் என்கிறார் கணவர். யார் சொல்வது சரி? அப்பாவிடம் எப்படிப் பேசுவது?
– பெயர் வெளியிட விரும்பாத வாசகி, சிட்னி

பதில்:

அன்புள்ள சகோதரி,

சாவியை ஒளிக்க வேண்டாம். மற்றதெல்லாம் பிறகு.

பிள்ளைகளைப் பார்க்க வெளிநாடு வரும் பெற்றோர் அங்கே எதை இழக்கிறார்கள் என்று வேலைக்கு ஓடும் நமக்குச் சட்டென்று புரிவதில்லை. கும்பகோணத்தில் உங்கள் அப்பா வாசலில் இறங்கினாலே “சார், வணக்கம்” என்று நாலு பேர் சொல்லியிருப்பார்கள். பழைய மாணவர் யாராவது வண்டியை நிறுத்திப் பேசியிருப்பார். சிட்னியில் ஒரு கீரைக்கட்டு வாங்கக்கூட மகளோ மருமகனோ காரை எடுக்க வேண்டும். யாரையும் எதிர்பார்க்காமல் அவராகக் கிளம்பிப் போய் அவராகத் திரும்பி வருவதற்கு அவரிடம் இருப்பது அந்தச் சைக்கிள் ஒன்றுதான். அதைப் பிடுங்கினால் சோபாவில் உட்கார்ந்து யூடியூப் பார்த்துக்கொண்டிருப்பார். ஸ்டென்ட் வைத்த இதயத்துக்கு அது நல்லதா? டாக்டர் வேண்டாம் என்று சொல்லாதவரை அவர் மிதிக்கட்டும்.

இனி அப்பாவின் வாதங்களுக்கு வருவோம். அவர் வாயில் வந்ததைச் சொல்லும் மனிதராகத் தெரியவில்லை. அவர் சொல்வதில் உண்மை நிறையவே இருக்கிறது.

சைக்கிள் ஓட்டும் எல்லோரும் ஹெல்மெட் போட வேண்டும் என்று உலகிலேயே முதலில் சட்டம் போட்டது ஆஸ்திரேலியாவின் விக்டோரியா மாநிலம், 1990 ஜூலை 1 முதல். உங்கள் நியூ சவுத் வேல்ஸில் அடுத்த வருடமே வந்துவிட்டது. 1994-ல் நியூசிலாந்தும் சேர்ந்துகொண்டது. விக்டோரியாவில் 31 சதவீதம் பேர் போட்டுக்கொண்டிருந்தது ஒரே வருடத்தில் 75 சதவீதமானது. தலைக்காயங்களும் குறைந்தன. ஆனால் அதே சமயத்தில் சைக்கிள் ஓட்டுகிறவர்களும் குறைந்தார்கள், முக்கியமாகப் பதின்ம வயதுப் பிள்ளைகள். போதாததற்கு, வேகத்தைப் பிடிக்கும் கேமராக்களும் குடித்து ஓட்டுவோர் மீதான கெடுபிடியும் விக்டோரியாவில் ஏறக்குறைய அதே காலத்தில் வந்தவை. காயம் குறைந்ததற்கு ஹெல்மெட் எவ்வளவு காரணம், மற்றவை எவ்வளவு காரணம் என்று ஆராய்ச்சியாளர்கள் இன்றுவரை மல்லுக்கட்டிக்கொண்டிருக்கிறார்கள்.

அபராத விஷயத்திலும் அப்பாவின் கோபம் எனக்குப் புரிகிறது. நியூ சவுத் வேல்ஸில் 71 டாலராக இருந்த அபராதத்தை 2016 மார்ச்சில் ஒரேயடியாக 319 டாலர் ஆக்கினார்கள். தன் தலையைத் தவிர வேறு யாருக்கும் ஆபத்து விளைவிக்காத ஒரு தவறுக்கு இது அதிகம் என்றே நானும் நினைக்கிறேன். அமெரிக்காவில் சியாட்டில் நகரம் உள்ள கிங் கவுண்டியில் இதே போன்ற சட்டத்தை 2022-ல் எடுத்தேவிட்டார்கள். சியாட்டிலில் போலீஸ் எழுதிய ஹெல்மெட் அபராதச் சீட்டுகளில் கிட்டத்தட்ட பாதி, வீடில்லாமல் தெருவில் வாழ்பவர்கள் தலையில் விழுந்திருந்தது தெரியவந்ததுதான் காரணம். வாங்க வசதியில்லாதவனிடம் போய் “ஏன் போடவில்லை?” என்று கேட்டுச் சீட்டுக் கிழிப்பது என்ன நியாயம்?

ஹாலந்து பற்றிச் சொன்னதும் உண்மைதான். ஆனால் பாதிதான் சொன்னார். 1971-ல் அந்தச் சின்ன நாட்டில் சாலை விபத்துகளில் 3,000 பேருக்கு மேல் இறந்தார்கள். அதில் 400-க்கும் அதிகமானவர்கள் குழந்தைகள். பெற்றோர்கள் “குழந்தைக் கொலையை நிறுத்து” என்று தெருவை மறித்துப் போராடினார்கள். அதன் பிறகுதான் சாலைகளை மாற்றிக் கட்டினார்கள். காரும் சைக்கிளும் உரசாதபடி தனிப் பாதை போட்டார்கள், குடியிருப்புத் தெருக்களில் வேகத்தைக் குறைத்தார்கள். இன்று அங்கே மக்கள்தொகையைவிடச் சைக்கிள்கள் அதிகம். சைக்கிள் கூடக் கூட ஒவ்வொரு சைக்கிள்காரருக்கும் ஆபத்து குறைகிறது என்று பீட்டர் ஜேக்கப்சன் என்பவர் 2003-ல் ஓர் ஆய்வில் காட்டினார். கார் ஓட்டுகிறவர் கண் சைக்கிளுக்குப் பழகிவிடுகிறது. உங்கள் அப்பா தஞ்சாவூர் ஜில்லாவில் ஐம்பது வருடம் பத்திரமாக மிதித்ததற்கும் இதில் பங்குண்டு. அந்தக் காலத்தில் பள்ளிக்கூடம் விட்டால் ரோடு முழுக்கச் சைக்கிள்தானே? பேருந்துக்காரர்தான் ஹாரன் அடித்து வழி கேட்க வேண்டும். சிட்னிச் சாலையில் அந்தக் கூட்டம் இல்லை. எழுபது கிலோமீட்டர் வேகத்தில் வரும் காருக்குச் சைக்கிள் கண்ணில் பட்டால் உண்டு.

இன்னொன்றையும் அப்பாவிடம் சொல்லுங்கள். ஹாலந்திலும் இப்போது பெரியவர்களை ஹெல்மெட் போடச் சொல்லி அரசே கேட்டுக்கொள்கிறது. சட்டம் கிடையாது, வேண்டுகோள்தான். அங்கே சைக்கிள் விபத்துகளில் இறப்பவர்களில் வயதானவர்களே அதிகம்.

ஏன் வயதானவர்கள்? இதை மட்டும் அவர் பக்கத்தில் உட்கார்ந்து நிதானமாகச் சொல்லுங்கள். வயது ஏற ஏற மூளை கொஞ்சம் சுருங்குகிறது. மூளைக்கும் மண்டை ஓட்டுக்கும் நடுவே இடைவெளி கூடி, அங்கே ஓடும் மெல்லிய ரத்தக்குழாய்கள் இழுபட்டு நிற்கின்றன. இளவயதில் தடவிவிட்டுப் போகும் ஓர் இடி, எழுபதில் அந்தக் குழாயைக் கிழித்துவிடலாம். ரத்தம் உறையாத மாத்திரை சாப்பிடுகிறவருக்குக் கசிவு லேசில் நிற்காது. விழுந்தவுடன் “ஒண்ணுமில்ல” என்று எழுந்து வருவார். தலைவலியும் தடுமாற்றமும் பல நாள் கழித்துக்கூட வரலாம். இதற்குக் கார் வந்து மோத வேண்டியதில்லை. ஆற்றோரப் பாதையில் ஈர இலையில் சக்கரம் வழுக்கினால் போதும்.

ஹெல்மெட் காப்பாற்றுவதும் இந்த மாதிரி விழுதலில்தான். உள்ளே இருப்பது டிவி பெட்டியில் வரும் தெர்மோகோலின் கெட்டியான வகை. இடிபட்டதும் அது நொறுங்கி அதிர்ச்சியை வாங்கிக்கொள்கிறது. ஆஸ்திரேலியத் தரச் சோதனையில் ஒன்றரை மீட்டர் உயரத்திலிருந்து விழவைத்துப் பார்க்கிறார்கள். அதாவது ஓட்டுகிறவர் தலை தரைக்கு வரும் தூரம். வேகமாக வரும் லாரிக்கு முன் அது பெரிதாக ஒன்றும் செய்யாது. உங்கள் ஊர் நியூ சவுத் வேல்ஸ் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஜேக் ஒலிவியர், ப்ரூடன்ஸ் கிரைட்டன் இருவரும் அடிபட்ட 64,000-க்கும் மேற்பட்ட சைக்கிள்காரர்கள் பற்றிய 40 ஆய்வுகளைத் தொகுத்து 2016-ல் வெளியிட்டார்கள். ஹெல்மெட் போட்டவர்களுக்குக் கடுமையான தலைக்காயத்துக்கான வாய்ப்பு 69 சதவீதம் குறைவு.

ஆக, பெரியவர்களைச் சட்டம் போட்டுக் கட்டாயப்படுத்த வேண்டுமா என்ற கேள்வியில் நான் பாதி அப்பா பக்கம். குழந்தைகளுக்குக் கட்டாயம் வேண்டும். பெரியவர்கள் விஷயத்தில் அபராதத்தைவிட நல்ல பாதை அதிக உயிரைக் காக்கும் என்பது என் எண்ணம். அப்பா ஹெல்மெட் போட வேண்டுமா என்று கேட்டால், கட்டாயம் போட வேண்டும். சட்டம் நாளைக்கே போனாலும் போட வேண்டும். சட்டத்தோடு சண்டை போட அவருக்கு உரிமை உண்டு, போட்டுக்கொண்டே சண்டை போடட்டும்.

பேசும்போது “போலீஸ் பிடிப்பார்கள், எங்களுக்குத்தான் கெட்ட பெயர்” என்று ஆரம்பிக்காதீர்கள். வாழ்நாளெல்லாம் பள்ளியில் ஒழுங்கைக் கட்டிக்காத்தவருக்கு அது அவமானமாகப் படும்; சைக்கிளையே தொடமாட்டேன் என்று வீம்பு பிடிப்பார். மருமகன் பேச வேண்டாம், நீங்களே பேசுங்கள். மாத்திரை விஷயத்தை முடிந்தால் டாக்டர் வாயாலேயே கேட்கச் செய்யுங்கள். கடைக்கு அவரையும் அழைத்துப் போங்கள். மருமகனின் பழைய ஹெல்மெட்டை நீட்டாதீர்கள். அவரே போட்டுப் பார்த்து எடுக்கட்டும். வியர்க்கிறது என்பார், காற்றுத் துளைகள் அதிகமுள்ள வெள்ளை நிறமாகப் பாருங்கள். புருவத்துக்கு மேல் இரண்டு விரல் இடம், தாடைக்கும் வாருக்கும் நடுவே ஒரு விரல் இடம். நெற்றி தெரிய பின்னால் தள்ளிப் போட்டால் பயனில்லை.

பேரன் விஷயத்தை அவரிடமே ஒப்படைத்துவிடுங்கள். “அப்பா, இவன் வாரை ஒழுங்காகப் போடுவதில்லை, கிளம்பும் முன் நீங்கள்தான் பார்க்க வேண்டும்” என்று சொல்லுங்கள். ஹெட்மாஸ்டர் அதை விடமாட்டார். வெறுந்தலையோடு நின்று பேரனை அதட்டவும் அவருக்கு மனம் வராது. இன்னொரு வசதி: உங்கள் மாநிலத்தில் 16 வயதுக்குட்பட்ட பிள்ளைகள் நடைபாதையில் சைக்கிள் ஓட்டலாம், அவர்களைப் பார்த்துக்கொள்ளக் கூட வரும் பெரியவரும் ஓட்டலாம். பேரனோடு போகும்போது கார் ஓடும் ரோட்டில் அவர் இறங்கவே வேண்டியதில்லை. ஹெல்மெட் விதி மட்டும் நடைபாதைக்கும் சைக்கிள் பாதைக்கும் சேர்த்துத்தான்.

அவர் சாப்பிடும் மாத்திரையின் பெயரையும் உங்கள் போன் நம்பரையும் ஆங்கிலத்தில் எழுதி அவர் சட்டைப் பையில் வையுங்கள். எப்போதாவது விழுந்து தலை இடித்தால், ரத்தம் வராவிட்டாலும், ஹெல்மெட் போட்டிருந்தாலும் அன்றே எமர்ஜென்சிக்கு அழைத்துப் போய், மாத்திரை சாப்பிடுகிறார் என்பதை முதல் வார்த்தையாகச் சொல்லுங்கள். இடிபட்ட ஹெல்மெட் வெளியே நன்றாகத் தெரிந்தாலும் அதைக் குப்பையில் போட்டுவிட்டுப் புதிது வாங்குங்கள்.