புதிய தளத்தில் முதல் திசைக்கோணத்தை எப்படி நிறுவுவது?

புதிய நிலத்தில் அளவைப் பணி தொடங்கும்போது கோடுகளின் திசைக்கோணங்களை, அதாவது வடக்கிலிருந்து வலஞ்சுழியாக அளக்கும் கோணங்களை, எப்படித் தீர்மானிப்பது, அதற்குத் திசைகாட்டி போதுமா என்று கேட்டிருக்கிறீர்கள்.

நிலத்தைச் சுற்றிப் பார்க்கவும் புதைந்த எல்லைக் கல்லைத் தேடவும் திசைகாட்டி போதும். வரைபடம் போடப் போதாது. அரை டிகிரி பிசகினாலே 100 மீட்டர் தொலைவில் புள்ளி ஏறக்குறைய 87 சென்டிமீட்டர் விலகிவிடும். பக்கத்தில் இரும்பு வேலியோ வாகனமோ இருந்தால் ஊசியை நம்பவே முடியாது.

ஒவ்வொரு கோட்டுக்கும் தனித்தனியாகத் திசை பார்க்காதீர்கள். ஒரே ஒரு கோட்டின் திசைக்கோணத்தை உறுதியாக நிறுவுங்கள். மற்றவை எல்லாம் டோட்டல் ஸ்டேஷனில் (கோணமும் தூரமும் அளக்கும் கருவி) அளக்கும் கிடைக்கோணங்களிலிருந்து கணக்கில் வந்துவிடும்.

அந்த முதல் கோட்டுக்கு மிக எளிய வழி, ஆயத்தொலைவு தெரிந்த இரண்டு கட்டுப்பாட்டுப் புள்ளிகள். அ என்ற புள்ளி கிழக்கு 1000, வடக்கு 1000. ஆ என்ற புள்ளி கிழக்கு 1120, வடக்கு 1160 என்று கொள்ளுங்கள். கிழக்கு வேறுபாடு 120, வடக்கு வேறுபாடு 160. முதலாவதை இரண்டாவதால் வகுத்து, தலைகீழ் டேன்ஜென்ட் எடுத்தால் 36° 52′ 12″ வரும். வடக்கு வேறுபாடு எதிர்மமாக இருந்தால் விடையோடு 180° கூட்ட வேண்டும். கிழக்கு வேறுபாடு மட்டும் எதிர்மம் என்றால் 360°. கால்குலேட்டர் இதைத் தானாகச் செய்யாது.

இனி ஆ-வில் கருவியை நிறுத்தி அ-வைப் பின்நோக்குங்கள், அதாவது தெரிந்த புள்ளியைத் திரும்பிப் பாருங்கள். பின்திசை, அதாவது ஆ-விலிருந்து அ-வுக்கான திசைக்கோணம், 180° கூட்டினால் 216° 52′ 12″. அங்கிருந்து வலஞ்சுழியாக இ என்ற புதிய புள்ளி வரை 104° 30′ 00″ அளந்தால், ஆ-இ கோட்டின் திசைக்கோணம் 321° 22′ 12″. கூட்டுத்தொகை 360°-ஐத் தாண்டினால் 360° கழிக்க வேண்டும். கோணத்தை இடமுகம், வலமுகம் (தொலைநோக்கியைப் புரட்டித் திருப்பிய நிலை) இரண்டிலும் அளந்து சராசரி எடுங்கள்.

கட்டுப்பாட்டுப் புள்ளிகளே இல்லையென்றால் ஜி.பி.எஸ். கருவியால் இரண்டு புள்ளிகளை நீங்களே நிறுவலாம். இங்கே இடைவெளிதான் முக்கியம். குறுக்குவாக்கில் 2 சென்டிமீட்டர் பிழை இருந்தால், 50 மீட்டர் கோட்டில் அது 80 விநாடிக்கும் (ஒரு டிகிரியில் 3600 விநாடி) மேற்பட்ட கோணப்பிழை. 500 மீட்டரில் வெறும் 8 விநாடி. தளத்தில் அளக்கப்போகும் மிக நீளமான கோட்டைவிடக் குட்டையான அடிக்கோட்டை (தொடக்கக் கோடு) வைத்து வேலை தொடங்குவதை நான் ஏற்பதில்லை. மரங்கள் வானத்தை மறைத்து ஜி.பி.எஸ். உதவாத இடத்தில் சூரியனை நோக்கியும் திசை எடுக்கலாம். வடிகட்டிக் கண்ணாடி இல்லாமல் தொலைநோக்கியைச் சூரியன் பக்கம் திருப்பவே கூடாது, கண் போய்விடும். நேரத்தையும் நொடி சுத்தமாகக் குறிக்க வேண்டும். பூமி ஒரு நொடியில் 15 விநாடிக் கோணம் சுழல்கிறது.

பலரும் கவனிக்காத ஒன்று: மூடிய டிராவர்ஸில் (புள்ளி புள்ளியாக அளந்து தொடங்கிய இடத்துக்கே திரும்பும் கோட்டுத் தொடர்) உட்கோணங்களின் கூட்டுத்தொகை (பக்கங்களின் எண்ணிக்கை − 2) × 180° வந்துவிட்டால் எல்லாம் சரி என்று நினைத்துவிடுகிறார்கள். தொடக்கத் திசை தவறாக இருந்தாலும் அந்தக் கணக்கு அழகாக மூடும். முழு உருவமும் ஒரே அளவு திரும்பியிருக்கும், அவ்வளவுதான். ஆகவே மூன்றாவது கட்டுப்பாட்டுப் புள்ளி ஒன்றையும் நோக்கி, கணக்கிட்ட திசையோடு ஒப்பிடுங்கள். இதற்குச் சில நிமிடங்கள்தான் ஆகும். இதை விட்டுவிட்டு எல்லைக் கல் நட்டால், பக்கத்து நிலத்துக்காரருக்கும் அநியாயம் செய்கிறோம்.

தளத்துக்குள் நடக்கும் வேலைக்கு மட்டும் என்றால் முதல் கோட்டை 0° என்று கருதித் தொடங்கலாம்; பின்னர் உண்மைத் திசை கிடைத்ததும் எல்லாக் கோணங்களையும் ஒரே அளவு திருப்பினால் போதும். ஆனால் கள ஏட்டில் அது கருதப்பட்ட திசை என்று எழுதிவையுங்கள். உண்மை வடக்கு (வட துருவத் திசை), காந்த வடக்கு (திசைகாட்டி ஊசி காட்டுவது), கட்ட வடக்கு (வரைபடக் கட்டக் கோடுகளின் வடக்கு) மூன்றும் வெவ்வேறு. ஆயத்தொலைவிலிருந்து கணக்கிட்டது கட்ட வடக்கு, சூரியனிலிருந்து கிடைப்பது உண்மை வடக்கு. காந்த வடக்கு ஆண்டுக்காண்டு நகர்வதால், அதைப் பயன்படுத்தினால் அளந்த தேதியும் வரைபடத்தில் இருக்க வேண்டும்.