ஐயாவின் பெட்டகத்தை ஸ்கேன் செய்யக் கொடுக்கலாமா?

கேள்வி: காரைக்குடி பக்கத்தில் எங்கள் பூர்வீக வீடு. பங்காளிகள் சேர்ந்து வரும் தையில் விற்கப் போகிறோம். எங்கள் ஐயா (அப்பாவின் அப்பா) சேர்த்த சுமார் 300 புத்தகங்கள், மூன்று பெட்டி பழைய இதழ்கள், இரண்டு கட்டு ஓலைச்சுவடி, ரங்கூன் கணக்குப் பேரேடுகள், கட்டுக் கட்டாக நோட்டீசுகள் எல்லாம் பெட்டகத்தில் கிடக்கின்றன. ஒருவர் வந்து பார்த்துவிட்டு, "எல்லாவற்றையும் எடுத்துப் போய் இலவசமாக ஸ்கேன் செய்து இணையத்தில் ஏற்றிவிடுகிறோம். பேரேடும் நோட்டீசும் குப்பை, தூக்கிப் போடுங்கள்" என்கிறார். கொடுக்கலாமா? நாங்களே செல்போனில் படம் எடுத்தால் போதுமா? காப்புரிமைச் சிக்கல் வருமா?

பதில்: கொடுக்காதீர்கள். அவர் நல்லவராகவே இருக்கட்டும், பெட்டி வாசலைத் தாண்டக் கூடாது. ஸ்கேன் செய்கிறவர் கருவியோடு உங்கள் வீட்டுக்கு வரட்டும். இல்லையென்றால் பட்டியல் போட்டு, எழுத்தில் ஒப்பந்தம் செய்துகொண்டு ஒரு நூலகத்திடம் ஒப்படையுங்கள். "எடுத்துப் போய்ச் செய்து தருகிறேன்" என்று வருகிறவர்களைப் பற்றி யார் கேட்டாலும் இருபத்தைந்து வருடமாக இதைத்தான் சொல்லி வருகிறேன்.

ஏன் இவ்வளவு கறாராகச் சொல்கிறேன் என்றால், ஒரு வீட்டில் நடந்ததைக் கண்ணால் பார்த்தேன். ஊர் பெயரும் ஆள் பெயரும் வேண்டாம். பன்னிரண்டு சாக்கு நிறையப் புத்தகம் போனது. ஒன்றரை வருடம் கழித்து நாற்பது பிடிஎஃப் வந்தது, ஒவ்வொரு பக்கத்தின் குறுக்கேயும் அந்த ஆளின் செல்போன் எண் அச்சாகியிருந்தது. மூலப் புத்தகங்களைக் கேட்டால் "மழையில் நனைந்துவிட்டது" என்றார். பிறகு ஒரு பழைய புத்தகக் கடையில் அந்த வீட்டுப் பெரியவரின் கையெழுத்தும் முத்திரையும் இருந்த நூல் ஒன்றை நானே காசு கொடுத்து வாங்கி அந்தக் குடும்பத்துக்குத் திருப்பித் தந்தேன். முதுகு வெட்டப்பட்டிருந்தது. தாள்களைத் தானாக இழுத்துக்கொள்ளும் ஸ்கேனரில் போடுவதற்காக பைண்டிங்கை கட்டிங் மெஷினில் சீவிவிடுகிறார்கள். வேலை வேகமாக முடியும், ஆனால் எண்பது வருடப் பழந்தாள் அப்புறம் புத்தகமாகச் சேராது.

சுவடிக்கும் கையெழுத்து ஆவணங்களுக்கும் சட்டப் பாதுகாப்பும் உண்டு. 1972ஆம் ஆண்டின் தொல்பொருள் சட்டப்படி, வரலாற்று, இலக்கிய, அறிவியல் மதிப்புள்ள கையெழுத்துப் பிரதி 75 ஆண்டு பழையதாக இருந்தாலே தொல்பொருள்தான். அதை விற்கும் தொழில் செய்ய உரிமம் வேண்டும். தனியார் யாரும் வெளிநாட்டுக்குக் கொண்டுபோக முடியாது. "சுவடிக்கு நல்ல விலை வரும், வெளிநாட்டில் கேட்கிறார்கள்" என்று யாராவது காதில் ஓதினால், அதோடு பேச்சை முடித்துக்கொள்ளுங்கள்.

சரி, எது குப்பை? அந்த ஆள் குப்பை என்று சொன்னதைத்தான் முதலில் பத்திரப்படுத்த வேண்டும். அச்சுப் புத்தகம் ஐந்நூறோ ஆயிரமோ படி போட்டிருப்பார்கள், எங்காவது இன்னொன்று கிடைக்கும். பேரேட்டுக்கு இரண்டாவது படி கிடையாது. 1942இல் ஜப்பான் படை பர்மாவுக்குள் நுழைந்தபோது கிட்டங்கியையும் (வட்டிக் கடை நடந்த கட்டடம்) கணக்கையும் அப்படியே விட்டுவிட்டு உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு வந்தவர்கள் எத்தனை பேர்! அதற்கு முன்பே ஊர் வந்து சேர்ந்த கணக்கு என்றால், எந்த ஊரில் யாருக்கு என்ன வட்டிக்குப் பணம் போனது, கடைக்குச் சம்பள ஆள் யார், ஊருக்கு என்ன செலவு அனுப்பினார்கள் என்பதெல்லாம் அதில் இருக்கும். அதோடு கடிதம், உண்டியல் தாள் (பணம் அனுப்பும் பழைய சீட்டு), இசைகுடிமானம் (செட்டிநாட்டுக் கல்யாணப் பத்திரம்), மொய்க் கணக்கு எது இருந்தாலும் தனித்தனி உறையில் போட்டு வையுங்கள்.

உங்கள் ஊருக்குப் பக்கத்துக் கோட்டையூர்க்காரர்தான் ரோஜா முத்தையா செட்டியார். நோட்டீஸ், அழைப்பிதழ் என்று மற்றவர்கள் கசக்கிப் போட்டதையும் சேர்த்து வைத்தவர். 1992இல் அவர் மறைந்த பிறகு சிகாகோ பல்கலைக்கழகம் அந்தத் தொகுப்பை விலைக்கு வாங்கியது. வாங்கியும் கப்பலில் ஏற்றவில்லை. 1994இல் சென்னையிலேயே ஆராய்ச்சி நூலகமாக வைத்தார்கள். தமிழர்களின் வரலாற்றை எழுதுகிறவர்கள் இன்று அங்கே போய்த் தேடுவதில் அந்தத் துண்டுத் தாள்களும் உண்டு.

புத்தகங்களிலும் கனமான பைண்டிங்கைப் பார்த்து ஏமாறாதீர்கள். நான்கு பக்கம், எட்டுப் பக்கத்தில் சாணித் தாளில் அச்சடித்த சின்னப் பாட்டுப் புத்தகங்கள் இருக்கிறதா பாருங்கள். கொலைச் சிந்து, வெள்ளச் சிந்து, ரயில் பாட்டு என்று சந்தையிலும் ரயிலிலும் காலணா அரையணாவுக்கு விற்றவை. நூலகங்கள் அவற்றை ஒருகாலத்தில் நூலாகவே மதிக்கவில்லை. அதேபோல இதழ்களை வருடக் கட்டாக பைண்டு செய்தவர்கள் மேலட்டையையும் விளம்பரப் பக்கங்களையும் கிழித்து எறிந்துவிடுவார்கள். உங்களிடம் அட்டையோடு தனி இதழ்கள் இருந்தால், முழு வருட பைண்டு வால்யூமைவிட அதற்கு அருமை அதிகம். பைண்டு செய்யக் கொடுத்துவிடாதீர்கள்.

எது ஏற்கெனவே இணையத்தில் இருக்கிறது என்று தெரிந்தால் வேலை பாதியாகக் குறையும். தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகம், இன்டர்நெட் ஆர்க்கைவ், ரோஜா முத்தையா நூலகத்தின் நூற்பட்டியல் என்று வரிசையாகத் தேடுங்கள். யாழ்ப்பாணத்தில் அச்சான நூல்கள் செட்டிநாட்டு வீடுகளில் நிறைய உண்டு, அவற்றை, ஈழத்து நூல்களை இணையத்தில் சேர்க்கும் "நூலகம்" என்ற நிறுவனத்தின் தளத்தில் பாருங்கள். 1981இல் யாழ் பொது நூலகம் எரிந்த பிறகு, அங்கே அச்சான ஒரு சின்ன நூலுக்குக்கூட வேறு மதிப்பு வந்துவிட்டது.

தேடுவதிலும் ஒரு தொல்லை. தலைப்பு "ஸ்ரீ" என்று தொடங்கினால் ஒரு பட்டியலில் ஸ்ரீயின் கீழும் இன்னொன்றில் அடுத்த சொல்லின் கீழும் இருக்கும். லக்ஷ்மி, லட்சுமி, இலக்குமி மூன்றையும் போட்டுப் பாருங்கள். ஆங்கில எழுத்திலும் நாலைந்து விதமாக அடித்துப் பார்க்க வேண்டும். கோடிக்கணக்கில் செலவழித்து ஸ்கேன் செய்கிறார்கள், தமிழ் தெரிந்த ஒருவரை உட்காரவைத்துத் தலைப்பைச் சரியாக எழுத மட்டும் மனம் வருவதில்லை. வருடமும் அப்படித்தான். முகப்பில் "பிரபவ வருஷம்" என்று மட்டும் இருந்தால் அது 1867ஆ 1927ஆ என்று அச்சகத்தின் பெயரையும் எழுத்தையும் பார்த்துத்தான் சொல்ல முடியும். கண்ணை மூடிக்கொண்டு ஒரு எண்ணைப் போட்ட பட்டியல்களை நிறையப் பார்த்திருக்கிறேன்.

"இணையத்தில் இருக்கிறது" என்று தெரிந்ததும் புத்தகத்தை எடைக்குப் போட்டுவிடாதீர்கள். கோப்பைத் திறந்து பக்க எண்ணைச் சரிபாருங்கள். பொதுப்பணத்தில் ஏற்றிய ஒரு நூலில் 48ஆம் பக்கத்துக்கு அடுத்து 65ஆம் பக்கம் வந்தது. பதினாறு பக்கம், சரியாக ஒரு ஃபாரம் (ஒரே தாளாக அச்சடித்து மடித்த பக்கங்கள்) கழன்று போன படியை அப்படியே எடுத்திருக்கிறார்கள். மூன்று முறை கடிதம் எழுதினேன், என்னிடமிருந்த படியிலிருந்து விடுபட்ட பக்கங்களைப் படமெடுத்தும் அனுப்பினேன். வருடங்கள் ஆயிற்று, பதிலும் இல்லை, பக்கமும் ஏறவில்லை. உங்கள் ஐயாவின் படியில் அந்த ஃபாரம் இருக்கலாம். 2023 அக்டோபரில் லண்டன் பிரிட்டிஷ் நூலகத்தின் கணினிகள் மீது தாக்குதல் நடந்து, அவர்கள் இணையத்தில் வைத்திருந்த கையெழுத்துப் பிரதிகளை மாதக்கணக்கில் யாரும் பார்க்க முடியாமல் போனதையும் நினைவில் வையுங்கள். அங்கே மூலம் பத்திரமாக இருந்தது. உங்கள் வீட்டில் மூலம் போய்விட்டால் போனதுதான்.

செல்போனில் எடுக்கலாமா என்றால், தாராளமாக எடுக்கலாம். சாதாரணப் புத்தகப் பக்கத்துக்கு 12 மெகாபிக்சல் கேமரா போதும். ஜன்னலோர வெளிச்சத்தில், வெயில் நேராகப் படாத மேசையில் வைத்து எடுங்கள். ஃபிளாஷ் வேண்டாம். போனைக் கையில் பிடிக்காமல் ஒரு ஸ்டாண்டில் குப்புற மாட்டுங்கள். புத்தகத்தை மல்லாத்தி அமுக்கக் கூடாது. பாதி திறந்து, திறந்த பக்கத்துக்குக் கீழே மடித்த துண்டை முட்டுக் கொடுங்கள். மேலட்டை, உள்ளட்டை, வெற்றுப் பக்கம், விலை போட்ட பின்னட்டை எதையும் விடக் கூடாது. பக்கம் கிழிந்திருந்தால் செல்லோ டேப் ஒட்டாதீர்கள், லேமினேஷன் செய்யவே செய்யாதீர்கள். படங்களைக் குறைந்தது மூன்று இடத்தில் வையுங்கள், அதில் ஒன்று வேறு ஊரில் இருக்கட்டும். வாட்ஸ்அப்பில் சாதாரணப் படமாக அனுப்பி வைத்தால் அதைச் சேமிப்பாகக் கணக்கில் சேர்க்காதீர்கள், படம் சுருங்கிவிடும்.

ஓலைச்சுவடி மட்டும் வேறு. கயிற்றை அவிழ்க்காதீர்கள். அவிழ்த்து ஏடு ஒன்று முன்பின்னாகிவிட்டால் ஏட்டெண் தெரிந்தவர் வந்தால்தான் சேர்க்க முடியும். எழுத்து தெரியட்டும் என்று மஞ்சளும் கரியும் தடவுவது அந்தக் காலத்தில் எழுதியவர்கள் பக்குவமாகச் செய்த வேலை, இப்போது நீங்கள் வீட்டில் செய்ய வேண்டாம். மேலும் கீழும் இருக்கும் மரக்கட்டையோடு பருத்தித் துணியில் சுற்றி, சென்னை அரசினர் கீழ்த்திசைச் சுவடிகள் நூலகத்தையோ, புதுச்சேரி பிரெஞ்சு ஆய்வு நிறுவனத்தையோ, தஞ்சை சரசுவதி மகாலையோ கேளுங்கள். உள்ளே வைத்தியமோ ஜோசியமோ புராணமோ, வெறும் கொடுக்கல்வாங்கல் கணக்கோ, பார்த்தவர் சொல்லும்வரை எதையும் நம்பாதீர்கள். "சித்தர் ரகசியம்" என்று சொல்லி வாங்கப் பார்ப்பவரை இன்னும் நம்பாதீர்கள்.

இனி காப்புரிமை. உங்கள் சொந்தப் படிப்புக்குப் படமெடுத்து வைக்க யாரையும் கேட்க வேண்டாம். இணையத்தில் ஏற்றும்போதுதான் கணக்குப் பார்க்க வேண்டும். ஆசிரியர் இறந்த வருடத்துக்கு அடுத்த ஜனவரி முதல் 60 ஆண்டு உரிமை உண்டு. உ.வே. சாமிநாதையர் 1942இல் காலமானார், ஆகவே 2003 ஜனவரி முதல் அவர் எழுத்து எல்லோருக்கும் பொது. அரசு நாட்டுடைமை ஆக்கிய ஆசிரியர் என்றால் இந்தக் கணக்கும் தேவையில்லை.

பலரும் இடறுவது உரையில். "திருவாசகம்தானே, மாணிக்கவாசகருக்கு யார் வாரிசு?" என்று கேட்பார்கள். 1950இல் அச்சான ஒரு திருவாசக உரைநூல் உங்களிடம் இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். மேலே பாட்டு, கீழே உரை. பாட்டு யாருக்கும் சொந்தமில்லை. உரை எழுதிய புலவர் 1985இல் காலமாகியிருந்தால், அந்த உரை 2045 டிசம்பர் கடைசி வரை அவர் வாரிசுகளுடையது. பாட்டை மட்டும் தட்டச்சு செய்து ஏற்றலாம், பக்கத்தைப் படமாக ஏற்றினால் உரையும் கூடவே ஏறிவிடும். அதே நூலில் குறிப்புரை இன்னொருவருடையதாக இருந்தால் அவருக்குத் தனியாக எண்ண வேண்டும். மொழிபெயர்ப்பும் இப்படித்தான், மூல ஆசிரியர் செத்து நூறு வருடம் ஆனாலும் மொழிபெயர்த்தவரின் கணக்கு வேறு. ஆகவே முகப்புப் பக்கத்தில் இருக்கும் எல்லாப் பெயர்களையும் எழுதி, ஒவ்வொருவருக்கும் எதிரே இறந்த வருடத்தைப் போடுங்கள். கடைசியாக இறந்தவரின் கணக்கு முடியும்வரை அந்தப் பக்கங்களைப் படமாக வெளியிட வேண்டாம். இதழ்களில் ஒவ்வொரு கதைக்கும் கட்டுரைக்கும் இதே வேலைதான், அதனால் அவற்றை நூலகத்திடம் விட்டுவிடுவது நல்லது. இன்னொன்றும் உண்டு. காலம் கடந்து பொதுவாகிவிட்ட நூலை ஸ்கேன் செய்துவிட்டு "டிஜிட்டல் உரிமை முழுவதும் எங்களுக்கே" என்று ஒரு தாளில் கையெழுத்துக் கேட்பார்கள். போடாதீர்கள். நூலுக்கு உரிமை கோர அவர்களுக்கு ஒன்றுமில்லை. உங்கள் மூலத்தை வேறு யாரும் படமெடுக்க முடியாமல் உங்கள் கையைக் கட்டத்தான் அந்தத் தாள்.

நூலகத்தோடு ஒப்பந்தம் போடும்போது தலைப்பும் பக்க எண்ணிக்கையும் உள்ள பட்டியலில் இரண்டு தரப்பும் கையெழுத்திட வேண்டும். முதுகை வெட்டக் கூடாது, பக்கத்தின் மேல் முத்திரை குத்தக் கூடாது, சுருக்காத படக் கோப்புகள் முழுவதும் ஒரு ஹார்டு டிஸ்கில் உங்களுக்கு வர வேண்டும், மூலம் திரும்பும் தேதி இருக்க வேண்டும். தானமாகவே கொடுப்பதானால், ஐயாவின் பெயரில் தொகுப்பு பிரியாமல் இருக்கும் என்ற வரியைக் கேட்டு வாங்குங்கள். ஒழுங்கான நூலகம் இதற்கெல்லாம் முகம் சுளிக்காது.

வீடு விற்பதால் இன்னொரு அவசரமும் இருக்கிறது. பழைய வீட்டை வாங்குகிறவர்கள் பலர் கதவு, தூண், சாமான்களோடு சேர்த்துத்தான் பேசுவார்கள். "உள்ளே இருப்பவை உட்பட" என்று ஒப்பந்தத்தில் ஒரு வரி விழுந்துவிட்டால் பெட்டகமும் அதற்குள் இருப்பதும் அவர்களுடையதாகிவிடும். அட்வான்ஸ் வாங்குவதற்கு முன்பே புத்தகங்களையும் பேரேடுகளையும் சுவடிகளையும் பங்காளிகளில் ஒருவர் வீட்டுக்கு மாற்றிவிட்டு, யாரிடம் என்ன இருக்கிறது என்று எழுதி எல்லோரும் கையெழுத்துப் போட்டுக்கொள்ளுங்கள். கீழ்த்தளமாக இருந்தால் தரையில் வைக்காமல் பலகை போட்டு, சுவரை ஒட்டாமல் ஒரு சாண் தள்ளி வையுங்கள், கரையான் சுவர் வழியாகத்தான் வரும்.