கால்பந்து டம்மி: கேட்டவர்களுக்கு என் பதில்கள்

எதிரணி ஆளுக்குப் பதிலாக மைதானத்தில் நிறுத்துகிற டம்மி பற்றி என்ன கேட்டாலும் எழுதுகிறேன் என்று சொல்லியிருந்தேன். நிறையப் பேர் கேட்டிருக்கிறீர்கள். வந்த வரிசையிலேயே போகிறேன்.

பல்லடம் பி.டி. மாஸ்டர் ஒருவர்: ஏனுங்க, ஆடி பிறந்தால் எங்கள் கிரவுண்டில் டம்மி நிற்பதே இல்லை. தரையும் இறுகிக் கிடக்கிறது, டம்மியை நடுகிற கம்பி இறங்குவதில்லை. என்ன பண்ணலாம்?

பாலக்காட்டுக் கணவாயில் புகுந்து வருகிற காற்றுங்க அது, உங்கள் பக்கம் காற்றாலையையே ஓட்டுகிறது, தட்டைப் பலகை டம்மியை விட்டுவைக்குமா? பலகையும் ரெக்சின் சுற்றியதும் வேண்டாம். வலை போட்டதாகப் பாருங்கள், காற்று ஊடே போய்விடும். தரைக்கு ஒரே வழிதான்: முந்தின சாயங்காலமே இடத்தைக் குறித்துத் தண்ணீர் ஊற்றி ஊறவிடுங்கள், காலையில் கடப்பாரையால் ஓரடி குழி போட்டு அதில் கம்பியை இறக்குங்கள். காய்ந்த செம்மண்ணில் சுத்தியலால் அடித்தால் கம்பி வளையும், அவ்வளவுதான்.

இன்னொன்று, இதை எத்தனை முறை வேண்டுமானாலும் சொல்வேன். பயிற்சி முடிந்ததும் கம்பிகளை எண்ணி எடுங்கள். எட்டு நட்டால் எட்டும் கைக்கு வர வேண்டும். தரையில் ஒன்று நின்றுவிட்டால் இருட்டில் பந்தெடுக்க ஓடுகிற பிள்ளையின் காலில்தான் ஏறும்.

கோவை, கல்லூரி மாணவர்: வாடகை டர்ஃபில் கம்பி குத்த விடமாட்டேன் என்கிறார்கள், அண்ணா.

சரியாகத்தான் சொல்கிறார்கள் தம்பி. செயற்கைப் புல்லில் ஓட்டை விழுந்தால் அங்கிருந்தே கிழிய ஆரம்பிக்கும். ரப்பர் அடித்தட்டு வைத்த டம்மி கேளுங்கள், இல்லையென்றால் பழைய பைக் டயருக்குள் மணல் மூட்டை வைத்து அதில் நிறுத்துங்கள். பெயின்ட் வாளியில் சிமென்ட் ஊற்றி நடுவில் பைப் நடுகிற வேலை மட்டும் வேண்டவே வேண்டாம். ஓடிவந்து விழுகிறவன் முட்டி அந்த வாளி விளிம்பில்தான் போய் இடிக்கும்.

திருப்பூர்: எங்கே வாங்கலாம், விலை என்ன?

நம் நாட்டு விளையாட்டுச் சாமான் பெரும்பாலும் ஜலந்தர், மீரட் பக்கம் இருந்துதான் வருகிறது. உள்ளூர்க் கடையில் சொல்லிவைத்தால் வரவழைத்துத் தருவார்கள். விலை நான் சொல்வதற்கில்லை, அவர்களிடமே கேளுங்கள்.

பொள்ளாச்சி: வாங்கக் காசில்லை. நாமே செய்ய முடியுமா?

தாராளமாக. நம் ஊரில் போர்வெல்லுக்கும் தோட்டத்துக்கும் போடுகிற கறுப்பு ஓஸ் இருக்கிறதே, அதில் முக்கால் இஞ்ச் எடுங்கள். நான்கு மீட்டர் துண்டை வளைத்து இரண்டு முனையையும் தரைக் கம்பியில் செருகினால் ஓராள் உயரத்துக்கு ஒரு வளைவு நிற்கும். பத்துப் பன்னிரண்டு வயதுப் பிள்ளைகளுக்கு மூன்று மீட்டர் போதும். அகலம் இரண்டடிக்குக் குறையக் கூடாது, குறைத்தால் ஓஸ் மடிந்துபோகும். கரூர்ப் பக்கம் கொசுவலை வெட்டுத்துண்டு கிடைக்கும், அதை இழுத்துக் கட்டிவிட்டால் முடிந்தது. யாராவது மோதினாலும் ஓஸ் வளைந்து கொடுத்துவிட்டுத் திரும்ப நிமிரும். வெள்ளை பிவிசி பைப் வேண்டாம், வெயிலில் காய்ந்து நொறுங்கினால் உடைந்த முனை கிழித்துவிடும். காற்றடைத்த டம்மியும் நம் பக்கம் தாங்காது, நெருஞ்சி முள் ஒன்று போதும். வளைவைக் கழற்றினால் கையோடு கம்பியையும் பிடுங்குங்கள், எண்ணிப் பாருங்கள்.

ஈரோடு: ஃப்ரீகிக்குக்கு எத்தனை டம்மி, எவ்வளவு தூரம்?

நான்கைந்து போதும், பந்தை மறிக்க எதிரணி ஆட்கள் வரிசையாக நிற்கிற ‘சுவர்’ அதுதான். பந்திலிருந்து சுவருக்குத் தூரம் 9.15 மீட்டர், டேப் வைத்து அளங்கள், காலடியால் அளந்தால் ஆளுக்கு ஆள் மாறும். சுவர் வைக்கும்போது உயரத்தை யாரும் யோசிப்பதில்லை. ஆறடி ஆள் எம்பினால் தலை இரண்டேகால் மீட்டரை ஒட்டிப் போகும். உங்கள் டம்மி எம்பாது, அதனால் அதைத் தாண்டிய பந்தெல்லாம் நல்ல பந்து என்று பையன் நினைத்துக்கொள்வான். சுவரின் இரு பக்கமும் கொம்பு நட்டு இரண்டேகால் மீட்டரில் கயிறு கட்டுங்கள். பந்து கயிற்றுக்கு மேலே போக வேண்டும், பிறகு 2.44 மீட்டர் உயரக் கோல் குறுக்குக் கம்பத்துக்குக் கீழே இறங்க வேண்டும். இப்போதுதான் அது எவ்வளவு கஷ்டம் என்று தெரியும். அப்புறம், 2019-லிருந்து மூன்று பேரோ அதற்கு மேலோ நிற்கிற சுவருக்கு ஒரு மீட்டருக்குள் அடிக்கிற அணிக்காரன் நிற்கக் கூடாது. டம்மிக்கு நடுவே உங்கள் பையனைச் சொருகிப் பழக்காதீர்கள்.

பெருந்துறை, முன்னாள் ஆட்டக்காரர்: எதற்கு இதெல்லாம்? சோளக்காட்டுப் பொம்மையைச் சுற்றி ஓடினால் ஆட்டம் வந்துவிடுமா? டம்மியில் பழகிய பசங்கள் மேட்சில் திணறுவதைக் கண்ணால் பார்க்கிறேன்.

உடுமலை கோச் (இதற்கு மறுப்பாக): எங்கள் ஊரில் சாயங்காலம் ஏழு பேர் வந்தாலே பெரிது. டம்மி இல்லாமல் எதிரணிக்கு எங்கே போவது?

இந்த வழக்கில் இரண்டு பக்கமும் பத்துப் பேராவது சேர்ந்துகொண்டீர்கள். பெருந்துறைக்காரர் சொல்லும் திணறலை நானும் பார்க்கிறேன். டம்மிக்குக் கால் நீளாது. அரையடி தள்ளி பந்தைக் கொண்டுபோனாலும் பறிபோகாது, பையனுக்கு அதுவே பழக்கமாகிவிடும். மேட்சில் நிஜ டிஃபென்டர் காலை நீட்டினால் ஒரு மீட்டர் எட்டும், பந்து போய்விடும். அதனால் ஒவ்வொரு டம்மியைச் சுற்றியும் ஒரு மீட்டருக்குச் சுண்ணாம்பு வட்டம் போடுங்கள், பந்து வட்டத்துக்குள் நுழைந்தால் பறிபோனதாகக் கணக்கு. முதல் நாள் பாதிப் பேர் தோற்பார்கள். அப்போதுதான் உடம்பை எங்கே சாய்ப்பது, பந்தை எப்போது தள்ளுவது என்று கவனிக்கவே ஆரம்பிப்பார்கள்.

அதற்காகத் தூக்கிப் போடச் சொன்னால் ஒத்துக்கொள்ள மாட்டேன். எதிராளி எங்கே நிற்பான் என்பதை டம்மி சொல்லித் தரும், என்ன செய்வான் என்பதைச் சொல்லித் தராது. முதலாவதற்கு அது ஆளைவிடவே நல்லது. நான்கு டம்மியை டிஃபென்ஸ் வரிசையாக, பத்துப் பன்னிரண்டு மீட்டர் முன்னால் இன்னும் நான்கு மிட்ஃபீல்டாக நிறுத்தி, நடு இடைவெளியில் திரும்பிப் பந்து வாங்கப் பழக்கிப் பாருங்கள், இருபது முறை அலுக்காமல் ஒரே இடத்தில் நிற்க எந்தப் பையனாலும் முடியாது.

உடுமலைக்காரருக்கு: ஏழு பேர் இருந்தால் நாலுக்கு மூன்று ஆட வையுங்கள். டம்மி முதல் பத்து நிமிஷத்துக்கு, அதற்கு மேல் ஆளுக்கு ஆள்தான். ஏழு பேரையும் வரிசையில் நிறுத்தி ஒவ்வொருவராக டம்மியைச் சுற்ற விட்டால், ஒருவன் ஓட ஆறு பேர் சும்மா நிற்பார்கள். இதில் நான் பெருந்துறைக்காரர் பக்கம்தான்.

பெருந்துறை: அப்படியானால் நான் சொன்னது சரிதானே!

பாதி சரிங்க. வட்டம் போட்டுப் பார்த்துவிட்டு மீதியைப் பேசுவோம்.

கோபி: தானே ஓடுகிற ரோபோ டம்மி வீடியோவில் பார்த்தேன். நமக்கு உதவுமா?

நீங்கள் பார்த்தது அமெரிக்கன் ஃபுட்பால் டம்மியாக இருக்கும். டார்ட்மத் கல்லூரியில் உருவானது, ரிமோட்டில் ஓடும். பயிற்சியில் ஆட்டக்காரர்கள் ஒருவரை ஒருவர் மோதித் தலையில் அடிபடாமல் இருக்கச் செய்தது. நம் ஆட்டத்தில் மோதித் தள்ளுகிற வேலை இல்லை, விட்டுவிடுங்கள்.

தாராபுரம்: விலை எவ்வளவு வரும்?

திருப்பூருக்குச் சொன்னதுதான்.

கரூர்: சார், ரேட்?

மேலே படியுங்கள்.

நாமக்கல், பள்ளி மாணவி: நான் கோல்கீப்பர். எனக்கு டம்மியால் என்ன பயன்?

நல்ல கேள்வி அம்மணி, உன்னைத் தவிர யாரும் கேட்கவில்லை. உனக்கும் அடிப்பவருக்கும் நடுவில் மூன்று டம்மியைத் தாறுமாறாக நிறுத்தச் சொல். பந்து காலை விட்டுக் கிளம்புவது உனக்குத் தெரியக் கூடாது, டம்மி ஓரத்தில் வெளிப்படும்போதுதான் தெரிய வேண்டும். கார்னரில் கூட்டத்துக்கு நடுவிலிருந்து பந்து வரும்போது இந்தப் பழக்கம்தான் கைகொடுக்கும். வலை டம்மி ஊடே தெரியும், அதனால் அன்றைக்கு மட்டும் மேலே பழைய பனியன் மாட்டிவிடுங்கள். கம்பி ஓஸுக்கு வெளியே நீட்டிக்கொண்டிருந்தால் அதன் பக்கத்தில் டைவ் அடிக்காதே, கோச்சைக் கூப்பிட்டுச் சரிசெய்யச் சொல்.