டெக் நரைத்திருக்கிறது என்று பிரித்துப் போடாதீர்கள்

தம்பி, போன அக்டோபரில் கனடாவின் பிராம்ப்டனில் வாங்கிய வீட்டின் டெக், அதாவது வீட்டை ஒட்டிய மரத்தளம், பனி உருகியதும் சாம்பல் பூத்துக் கிடக்கிறது, முழுவதும் பிரித்துக் கட்டச் சொல்கிறார்கள், பெயிண்ட் அடித்தால் போதாதா என்று கேட்டிருந்தீர்கள். பிரிக்கவும் வேண்டாம், பெயிண்ட்டும் வேண்டாம்.

பெயிண்ட் கதையை நான் பட்டுத் தெரிந்துகொண்டேன். வந்த புதிதில், ஊரில் கேட்டுக்கு அடிப்பதுபோல் இரண்டு கோட் பளபளவென்று அடித்தேன். இரண்டாவது குளிர்காலம் முடிந்ததும் அப்பளம்போல் உரிந்து வந்தது. பலகைக்குள் இறங்கிய ஈரம் உறைந்து, உருகி, மேலிருக்கும் படலத்தைத் தூக்கிவிடுகிறது. அதைச் சுரண்டியே ஒரு கோடை போயிற்று.

நரைத்தது மேல்தோல் மட்டும்தான். மரத்தின் நார்களைப் பிணைத்து வைக்கும் லிக்னின் என்ற பொருளை வெயில் சிதைக்கிறது, மழை அதைக் கழுவிவிடுகிறது. பலகை இத்துப்போயிருக்கிறதா என்பதுதான் கேள்வி. ஒரு திருப்புளியை எடுத்துப் படிக்கட்டின் அடி, பலகை முனைகள், வீட்டுச் சுவரோடு டெக் சேரும் இடம் என்று குத்திப் பாருங்கள். டொக்கென்று நின்றால் நல்ல மரம். ஊறின ரஸ்க்கில் இறங்குவதுபோல் இறங்கினால் அந்தப் பலகையை மட்டும் மாற்றினால் போதும். சுவரோரம் அப்படி இருந்தால் மட்டும் ஆளைக் கூப்பிடுங்கள். டெக்கின் பாரத்தில் பாதி அங்கேதான் தொங்குகிறது.

அப்புறம், டெக் எந்த வருடம் கட்டியது என்று விசாரியுங்கள். 2003 முடியும்வரை இங்கே வீட்டு மரங்களுக்கு இத்துப்போகாமலிருக்க ஆர்சனிக் என்ற நஞ்சு கலந்த மருந்து ஏற்றினார்கள். அந்தக் காலத்துப் பலகை என்றால் உப்புத்தாள் போட்டுத் தேய்க்காதீர்கள். கழற்றின துண்டைக் குளிருக்கு எரிக்கவே கூடாது.

சுத்தம் செய்ய, தண்ணீரை வேகமாகப் பீய்ச்சும் பிரஷர் வாஷரைக் கிட்டே பிடித்து அடிக்க வேண்டாம். நார் நாராகக் கிளம்பும். சோடியம் பெர்கார்பனேட் என்ற வெளுக்கும் தூளை வெந்நீரில் கரைத்து ஊற்றி, கால் மணி நேரம் காயவிடாமல் வைத்து, நைலான் பிரஷால் மர ரேகை போகும் திசையில் தேய்த்துக் கழுவுங்கள். கம்பி பிரஷ் ஆகாது, துருப்புள்ளி விழும். இரண்டு மூன்று நாள் காயட்டும். பிறகு நாலு சொட்டுத் தண்ணீர் தெளியுங்கள். உறிஞ்சினால் சரி. முத்து முத்தாக நின்றால் இன்னும் நேரம் வரவில்லை.

பெயிண்ட்போல் மேலே படலமாக நிற்காமல் மரத்துக்குள் ஊறும் எண்ணெய் ஸ்டெயின் வாங்குங்கள். உச்சி வெயிலில் அடிக்காமல், மெல்லிசாக ஒரு கோட். மிச்சத்தைத் துணியால் துடைத்துவிடுங்கள். பழைய வீட்டுக்காரர் விட்டுப்போன மரப் பெஞ்சைக் கவிழ்த்து, காலின் அடிமுனைக்கு மட்டும் இரண்டு முறை தடவுங்கள். ஈரம் அந்த வழியாகத்தான் ஏறும்.

துடைத்த துணியைச் சுருட்டிக் கராஜில் போட்டுவிடாதீர்கள். எண்ணெய் காயும்போது சூடேறி, தானே தீப்பிடித்துக்கொள்ளும். நான் வேலியில் ஒவ்வொன்றாக விரித்துப் போடுவேன். "நல்ல துணி காயப்போட்டால் மட்டும் அசிங்கம் என்பீர்கள்" என்று என் மனைவி வருடா வருடம் கேட்பாள்.