எல்.என்.ஜி.யில் ஓடும் கப்பல்கள்: வாசகர் கேள்வி–பதில்

கடல் போக்குவரத்தில் எரிபொருள் மாற்றம் குறித்துச் சென்ற இதழில் வெளியான கட்டுரையைப் படித்துவிட்டு வந்த கடிதங்களில் பெரும்பாலானவை திரவ இயற்கை எரிவாயுவை (எல்.என்.ஜி.) பற்றியே கேட்டிருந்தன. ஆகவே இம்முறை பகுதி முழுவதும் அதற்கே ஒதுக்கப்பட்டுள்ளது.

*கேள்வி: எங்கள் துறைமுகத்துக்கு வரும் பெரிய கன்டெய்னர் கப்பல்கள் சிலவற்றின் பக்கவாட்டில், எல்.என்.ஜி.யில் இயங்குவதாகப் பெரிய எழுத்துகளில் எழுதியிருக்கிறார்கள். காலங்காலமாக எண்ணெயில் ஓடிய கப்பல்கள் திடீரென எரிவாயுவுக்கு மாறுவானேன்? — ஒரு வாசகர், சிங்கப்பூர்*

பதில்: இந்த மாற்றம் திடீரென வந்ததன்று. எல்.என்.ஜி.யைச் சரக்காக ஏற்றிச் செல்லும் கப்பல்கள், வழியில் ஆவியாகும் வாயுவைத் தம் கொதிகலன்களிலேயே எரித்து ஓடும் வழக்கம் 1960களிலேயே தொடங்கிவிட்டது. சரக்காக அல்லாமல் எரிபொருளாக மட்டும் அதைச் சுமந்த முதல் கப்பல், நார்வே நாட்டில் 2000-ஆம் ஆண்டு ஓடத் தொடங்கிய 'குளூட்ரா' என்ற சிறு படகுச் சேவைக் கப்பல். 2013-இல் பின்லாந்தின் துர்க்கு நகருக்கும் ஸ்டாக்ஹோமுக்கும் இடையே 'வைக்கிங் கிரேஸ்' என்ற பெரிய பயணிகள் கப்பல் இறங்கியது. 2020-இல் 23,000 கன்டெய்னர்களைச் சுமக்கும் 'சி.எம்.ஏ. சி.ஜி.எம். ஜாக் சாதே' கடலுக்கு வந்தபோது, அதன் எரிவாயுத் தொட்டி மட்டும் 18,600 கன மீட்டர் கொள்ளளவு கொண்டதாக இருந்தது.

இவை எல்லாவற்றையும் உந்தியது கந்தகக் கட்டுப்பாடு. சுத்திகரிப்பு ஆலையில் அடிமண்டியாக மிஞ்சும் ஃபர்னஸ் ஆயிலைத்தான் கப்பல்கள் எரித்து வந்தன, அதில் 3.5 சதவீதம் வரை கந்தகம் இருக்கலாம் என்று விதி இடம் கொடுத்திருந்தது. பால்டிக், வட கடல் போன்ற பகுதிகளில் 2015 முதல் அந்த அளவு 0.10 சதவீதமாகவும், உலகின் மற்றக் கடல்களில் 2020 ஜனவரி 1 முதல் 0.50 சதவீதமாகவும் குறைக்கப்பட்டது. விலை கூடிய கந்தகம் குறைந்த எண்ணெயை வாங்க வேண்டும், அல்லது புகைபோக்கியில் கந்தகத்தைக் கழுவி நீக்கும் கருவியைப் பொருத்த வேண்டும், அல்லது கந்தகமே ஏறக்குறைய இல்லாத எல்.என்.ஜி.க்கு மாற வேண்டும் என்ற நிலையில் சில நிறுவனங்கள் மூன்றாவது வழியைத் தேர்ந்தன. துறைமுகத்தை ஒட்டி வாழ்வோருக்கு இது நேரடி நன்மை: எல்.என்.ஜி. எரியும்போது கரித்துகளும் மிகக் குறைவு. இந்த நன்மையை யாரும் சிறிதாக எண்ணிவிடக் கூடாது.

*கேள்வி: வீட்டு சிலிண்டரில் வரும் கேஸும் இதுவும் ஒன்றுதானா? — ஒரு வாசகி, மதுரை*

பதில்: இரண்டும் வேறு. சிலிண்டரில் இருப்பவை புரொப்பேனும் பியூட்டேனும். சாதாரண வெப்பநிலையிலேயே அழுத்தம் கொடுத்தால் அவை திரவமாகிவிடும். எல்.என்.ஜி. பெரும்பாலும் மீத்தேன். கழித்தல் 82 டிகிரி செல்சியஸுக்கு மேலான வெப்பநிலையில், எவ்வளவு அழுத்தினாலும் மீத்தேன் திரவமாகாது. எனவே அதைக் கழித்தல் 162 டிகிரி வரை குளிர்வித்து, கன அளவை 600-இல் ஒரு பங்காகச் சுருக்கி, வெப்பம் புகாத தொட்டியில் அடைக்கிறார்கள். சிலிண்டர் கேஸ் கசிந்தால் மூக்குக்குத் தெரிவதற்காக அதில் நாற்றப்பொருள் கலக்கப்படுகிறது. எல்.என்.ஜி.யில் அப்படி எதுவும் கலப்பதில்லை. கசிவைக் கருவிகள்தாம் கண்டுபிடித்துச் சொல்ல வேண்டும்.

*கேள்வி: எண்ணூரில் எல்.என்.ஜி. முனையம் வந்ததிலிருந்து எங்கள் பகுதியில் பலருக்கு அச்சம் இருக்கிறது. கப்பலில் இதை நிரப்பும்போது வெடித்துவிடாதா? — ஒரு வாசகர், வடசென்னை*

பதில்: 2019-இல் திறக்கப்பட்ட எண்ணூர் முனையம், வெளிநாட்டிலிருந்து வரும் எல்.என்.ஜி.யை இறக்கி, மீண்டும் வாயுவாக்கிக் குழாய்வழி அனுப்புவது. கப்பலுக்கு எரிபொருள் நிரப்பும் 'பங்கரிங்' வேலை அதிலிருந்து வேறுபட்டது. ஆனால் உங்கள் அச்சம் நியாயமானது. அதற்கு விவரமாகவே பதில் சொல்ல வேண்டும்.

திரவ நிலையில் எல்.என்.ஜி. எரியாது. அது ஆவியாகிக் காற்றில் 5 முதல் 15 சதவீதம் வரை கலந்திருக்கும்போது, தீப்பொறி கிடைத்தால்தான் பற்றும். அதைவிட உடனடியான ஆபத்து குளிர். சாதாரண எஃகுத் தகட்டின் மேல் அது கொட்டினால் தகடு நொறுங்கும் தன்மை அடைந்து விரிசல் விட்டுவிடும். அதனால்தான் தொட்டிகளுக்கு 9 சதவீத நிக்கல் எஃகு, துருப்பிடிக்காத எஃகு போன்றவற்றைப் பயன்படுத்துகிறார்கள்.

நிரப்பும் இடத்தை அருகில் நின்று பார்த்தால் இந்த எச்சரிக்கை புரியும். பங்கர் கப்பல் பக்கத்தில் வந்து அணைந்ததும் குழாய்களை இணைத்து, உள்ளே இருக்கும் காற்றை நைட்ரஜனால் வெளியேற்றுகிறார்கள். பிறகு சிறிதளவு எல்.என்.ஜி.யை மட்டும் விட்டுக் குழாயை மெல்ல மெல்லக் குளிர்விக்கிறார்கள். குழாயின் வெளிப்புறத்தில் வெண்பனி படியத் தொடங்கும். இணைப்பின் கீழே துருப்பிடிக்காத எஃகுத் தட்டு வைத்திருப்பார்கள். கப்பலின் பக்கவாட்டில், சிந்தினாலும் தகட்டைக் குளிர் தாக்காதிருக்க, நீர் திரைபோல் வழிந்துகொண்டே இருக்கும். இரு கப்பல்களும் எதிர்பாராமல் விலகினால் குழாய் கிழியாமல் தானே கழன்று, இரு முனைகளும் அடைத்துக்கொள்ளும் இணைப்பான் உண்டு. கப்பலுக்குள் எரிவாயு செல்லும் பாதை பெரும்பாலும் இரட்டைச் சுவர்க் குழாய். இரு சுவர்களுக்கும் இடைப்பட்ட வெளியில் மணிக்கு 30 முறை காற்று மாற்றப்பட வேண்டும். இந்த ஏற்பாடுகளைக் கட்டாயமாக்கிய, எரிவாயுவில் ஓடும் கப்பல்களுக்கான சர்வதேச ஐ.ஜி.எஃப். விதித்தொகுப்பு 2017 ஜனவரி 1 முதல் நடைமுறையில் உள்ளது. விதி எழுத்தில் இருப்பது போதாது. பயிற்சி பெற்ற ஆள்கள் ஒவ்வொரு முறையும் அதை முழுமையாகக் கடைப்பிடிப்பதில்தான் பாதுகாப்பு இருக்கிறது.

*கேள்வி: எல்.என்.ஜி. புவி வெப்பமடைதலைக் குறைக்கும் என்று நிறுவனங்கள் சொல்கின்றன. கூட்டவே செய்யும் என்று சுற்றுச்சூழல் அமைப்புகள் சொல்கின்றன. மாணவர்களுக்கு நான் எதைச் சொல்வது? — ஓர் ஆசிரியை, திருச்சி*

பதில்: எந்த எஞ்சின் என்று முதலில் கேட்கச் சொல்லுங்கள். இந்தக் கேள்விக்கு விடை பெரும்பாலும் அங்கேதான் இருக்கிறது, விளம்பரங்களில் சொல்லப்படாமல் விடப்படுவதும் அதுவேதான்.

வகுப்பில் போட்டுக் காட்டக்கூடிய ஒரு கணக்கைத் தருகிறேன். ஒரு டன் எல்.என்.ஜி. முழுமையாக எரிந்தால் ஏறக்குறைய 2.75 டன் கார்பன் டை ஆக்சைடு வெளிவரும். அதே அளவு வெப்பத்தைப் பெற 1.2 டன்னுக்குச் சற்று அதிகமான ஃபர்னஸ் ஆயில் வேண்டும். அது எரிந்தால் வெளிவருவது ஏறக்குறைய 3.8 டன். ஆக, எல்.என்.ஜி.யால் ஒரு டன் மிச்சம். நிறுவனங்கள் சொல்லும் 25 சதவீதக் குறைவு இதுதான். இதில் பொய் இல்லை.

ஆனால் எஞ்சினுக்குள் போகும் மீத்தேன் அனைத்தும் எரிவதில்லை. குறைந்த அழுத்தத்தில் இயங்கும் எஞ்சின்களில் வாயு முன்கூட்டியே காற்றோடு கலந்து சிலிண்டரை நிரப்புகிறது. பிஸ்டன் வளையத்தின் மேல் உள்ள மெல்லிய இடுக்கிலும், ஒப்பீட்டளவில் குளிர்ந்த சிலிண்டர்ச் சுவரை ஒட்டியும் நிற்கும் வாயுவைச் சுடர் எட்டுவதில்லை. அது எரியாமலே புகைபோக்கி வழியே போய்விடுகிறது. எஞ்சின் குறைந்த சுமையில் ஓடும்போது இந்தக் கசிவு மேலும் கூடும். மீத்தேனோ, நூறாண்டுக் கணக்கில் கார்பன் டை ஆக்சைடைப்போல் ஏறக்குறைய 30 மடங்கும், இருபதாண்டுக் கணக்கில் 80 மடங்குக்கு மேலும் வெப்பத்தைப் பிடித்து வைப்பது.

குறைந்த அழுத்த நான்கு-ஸ்ட்ரோக் எஞ்சின்களுக்கு ஐரோப்பிய ஒன்றியம் தன் விதிகளில் வைத்திருக்கும் கசிவு அளவு 3.1 சதவீதம். அப்படியானால் ஒரு டன்னில் 31 கிலோ எரியாமல் வெளியேறும். அது நூறாண்டுக் கணக்கில் 0.92 டன் கார்பன் டை ஆக்சைடுக்குச் சமம். மிச்சப்பட்ட ஒரு டன்னில் பெரும்பகுதி இங்கேயே கரைந்துவிட்டது. இருபதாண்டுக் கணக்கில் பார்த்தால், எண்ணெயைவிட எல்.என்.ஜி.யே மூன்றில் ஒரு பங்குக்கும் மேல் கூடுதல் தீங்கு செய்கிறது. ஓடும் கப்பல்களின் புகையை நேரில் அளந்து சர்வதேச தூய்மைப் போக்குவரத்து மன்றம் 2024-இல் வெளியிட்ட ஆய்வில், இவ்வகை எஞ்சின்களின் சராசரிக் கசிவு 6.4 சதவீதம் என்று தெரியவந்தது. அந்த அளவில் நூறாண்டுக் கணக்கும் எல்.என்.ஜி.க்கு எதிராகத் திரும்பிவிடுகிறது.

உயர் அழுத்த இரண்டு-ஸ்ட்ரோக் எஞ்சின்களில் நிலைமை வேறு. அங்கே பிஸ்டன் மேலே வந்து சேரும் வேளையில், ஏறக்குறைய 300 பார் அழுத்தத்தில் வாயு பீய்ச்சப்பட்டு, வந்த கணத்திலேயே எரிகிறது. கசிவு 0.2 சதவீதம் அளவே. 25 சதவீத நன்மை ஏறக்குறைய முழுமையாகக் கிடைக்கிறது. அப்படியிருந்தும் பலர் குறைந்த அழுத்த எஞ்சினை வாங்குவதற்குக் காரணம் உண்டு: கூடுதல் கருவி ஏதுமின்றியே அது நைட்ரஜன் ஆக்சைடு விதியைப் பூர்த்தி செய்துவிடும், எரிவாயுவை அவ்வளவு அழுத்தத்துக்கு ஏற்றும் கருவிகளும் வேண்டியதில்லை. கரையோரக் காற்றைக் காக்கும் விதி ஒன்று, காலநிலைக்குத் தீங்கு செய்யும் எஞ்சினுக்குச் சாதகமாக அமைந்துவிட்டது என்பது வருத்தத்துக்குரியது. ஐரோப்பிய ஒன்றியத்தின் உமிழ்வு வணிகத் திட்டத்தில் 2026 முதல் கப்பல்களின் மீத்தேனும் கணக்கில் சேர்வதால், கசிவுக்கு இனி அங்கே பணம் கட்ட வேண்டும். இது நெடுநாள் முன்பே செய்திருக்க வேண்டிய காரியம் என்பது என் உறுதியான கருத்து. எரிவாயுக் கிணற்றிலும் குழாய்ப் பாதையிலும் நேரும் கசிவை மேற்கண்ட கணக்கில் நான் சேர்க்கவில்லை என்பதையும் மாணவர்களுக்குச் சொல்லுங்கள்.

*கேள்வி: இத்தகைய கப்பல்கள் எண்ணெயை அறவே விட்டுவிட்டனவா? — ஒரு வாசகர், கோவை*

பதில்: இல்லை. பெரும்பாலானவை இரண்டு எரிபொருளிலும் ஓடக்கூடியவை. உக்ரைன் போருக்குப் பிறகு 2022-இல் எரிவாயு விலை ஏறியபோது பல கப்பல்கள் எண்ணெய்க்கே திரும்பின. சிங்கப்பூரில் 2024-இல் கப்பல்களுக்கு விற்ற எல்.என்.ஜி. சுமார் 4.6 லட்சம் டன். முந்தைய ஆண்டைப்போல் நான்கு மடங்கு. ஆயினும் அவ்வாண்டு அங்கு விற்ற மொத்தக் கப்பல் எரிபொருள் ஏறக்குறைய 5.5 கோடி டன்.

*கேள்வி: நான் மரைன் இன்ஜினியரிங் படிக்கிறேன். எல்.என்.ஜி. கப்பலில் வேலை செய்யத் தனிச் சான்றிதழ் வேண்டுமா? — ஒரு மாணவர், தூத்துக்குடி*

பதில்: வேண்டும், தம்பி. மாலுமிகளின் பயிற்சிக்கான எஸ்.டி.சி.டபிள்யூ. உடன்படிக்கையில் இதற்கென இரு நிலைப் பயிற்சிகள் உள்ளன. எரிபொருள் தொடர்பான பாதுகாப்புக் கடமை உள்ள அனைவருக்கும் அடிப்படைப் பயிற்சி. கேப்டன், இன்ஜினியர் அதிகாரிகள், எரிபொருளுக்கு நேரடிப் பொறுப்பு ஏற்பவர்கள் ஆகியோருக்கு மேல்நிலைப் பயிற்சி. மேல்நிலைச் சான்றிதழுக்கு வகுப்பறைப் படிப்போடு குறைந்தது ஒரு மாதக் கடல் அனுபவமும், மூன்று பங்கரிங் பணிகளில் பங்கேற்பும் தேவை. அம்மூன்றில் இரண்டைச் சிமுலேட்டரில் செய்துகொள்ளலாம். கப்பல் போக்குவரத்துத் தலைமை இயக்குநரகத்தின் ஒப்புதல் பெற்ற நிறுவனமா என்று பார்த்த பிறகே பணம் கட்டுங்கள். மீத்தேன் எஞ்சினைக் கற்கும்போதே மெத்தனால், அம்மோனியா எஞ்சின்களின் பாடங்களையும் விடாமல் படித்து வையுங்கள். நீங்கள் தலைமை இன்ஜினியர் ஆகும் காலத்தில் மூன்றும் ஒரே நிறுவனத்தின் கப்பல்களில் இருக்கக்கூடும்.