பழைய கொரோலா டிஎக்ஸ், கையில் ஆயிரம் வெள்ளி: டிராக் ரேஸுக்கு எடையை எப்படிக் குறைப்பது?

எனக்கு எழுதிக் கேட்டவரிடம் இருப்பது 1982 டொயோட்டா கொரோலா டிஎக்ஸ், அதாவது கேஇ70. எஞ்ஜின் இன்னும் அதே 4கே, 1290 சிசி. 402 மீட்டர், அதாவது கால் மைல் நேர்கோட்டுப் பந்தயம் ஓட்ட ஆசை, எஞ்ஜின் மாற்றக் காசில்லை, எடைக்கென்று ஆயிரம் வெள்ளி ஒதுக்கியிருக்கிறார். கதவு, பூட் எல்லாவற்றிலும் துளை போடலாமா, கண்ணாடியைப் பிளாஸ்டிக்காக மாற்றலாமா என்று கேட்கிறார்.

துளை போடாதீர்கள். ஸ்பேனரால் கழற்ற முடிந்ததை மட்டும் கழற்றுங்கள். கிரைண்டர் பக்கமே போக வேண்டாம். அந்த ஆயிரத்தில் பாதிக்கு மேல் கையிலேயே மிஞ்சும்.

கோலாலம்பூர் பக்கம் பட்டறைகளில் நண்பர்களோடு பழைய காடிகளைக் குடைந்துகொண்டிருப்பவன் நான். என்னிடம் இருப்பது டாட்சன் 120ஒய். டிஎக்ஸுக்கும் அதற்கும் இந்த விஷயத்தில் பெரிய வித்தியாசமில்லை. இரண்டுமே பின்சக்கர ஓட்டம், இரண்டுமே ஏற்கெனவே லேசான காடி. டிஎக்ஸ் 850-லிருந்து 900 கிலோவுக்குள்தான் இருக்கும். அமெரிக்க வீடியோக்களில் 1600 கிலோ மஸ்டாங்கிலிருந்து 200 கிலோ உருவுவதைப் பார்த்துவிட்டு நம்மிடமும் அவ்வளவு வரும் என்று எதிர்பார்க்கக் கூடாது. நம் காடியில் கொழுப்பே குறைவு.

முதலில் கணக்கு. எஞ்ஜின் சக்தி மாறாமல் எடை மட்டும் குறைந்தால், ஓடி முடிக்கும் நேரம் எடையின் கன மூலத்தைப் பொறுத்துக் குறையும். அதாவது எடையில் 10 சதவீதம் போனால் நேரத்தில் மூன்றரை சதவீதம் அளவுக்குத்தான் போகும். ஓட்டுபவரையும் சேர்த்து 920 கிலோ, 60 குதிரைத்திறன் என்று வைத்துக்கொண்டால், 402 மீட்டருக்கு 18.8 வினாடி வருகிறது. 90 கிலோவைக் கழித்தால் 18.2. அரை வினாடிக்குக் கொஞ்சம் கூடுதலான லாபம். டிராக்கில் அது பல காடி நீள வித்தியாசம், ஆகவே வேலை வீண் இல்லை. ஆனால் 14 வினாடிக் காடி ஆகிவிடும் என்று யாராவது சொன்னால் சிரித்துவிட்டு நகர்ந்துவிடுங்கள்.

முதல் செலவு ஒரு தூக்குத் தராசு. பயணப் பெட்டி எடை பார்க்கும் சின்ன டிஜிட்டல் தராசே போதும், 50 கிலோ வரை தாங்கும். கழற்றும் ஒவ்வொன்றையும் அதில் மாட்டி எழுதி வையுங்கள். முழுக் காடியின் எடை வேண்டுமென்றால் லோரி எடை மேடை வைத்திருக்கும் பழைய இரும்புக் கடையில் போய்க் கேளுங்கள். பெரும்பாலும் சின்னத் தொகைக்கு ஏற்றிக் காட்டுவார்கள். அந்த மேடை பத்து, இருபது கிலோ படியாகத்தான் காட்டும் என்பதால் சின்னப் பொருளுக்கு உதவாது. முன்சக்கரத்தை மட்டும் ஏற்றி ஒரு தடவை, முழுக்க ஏற்றி ஒரு தடவை பார்த்தால் முன் பாரம் எவ்வளவு, பின் பாரம் எவ்வளவு என்பதும் தெரிந்துவிடும். கீழே சொல்லப்போகும் பேட்டரி விஷயத்துக்கு அது தேவை.

இப்போது துளைக் கதைக்கு வருகிறேன், ஏனென்றால் ஆர்வமுள்ளவர்கள் முதலில் கைவைப்பது அங்கேதான். ஒரு மில்லிமீட்டர் தகட்டில் 25 மில்லிமீட்டர் துளை போட்டால் போகும் இரும்பு நான்கு கிராம்கூட இல்லை. நூறு துளை போட்டால் 385 கிராம். ஒரு தண்ணீர் பாட்டிலைக் காடியிலிருந்து எடுத்து வெளியே வைத்தால் அதைவிட அதிகம் குறையும். போதாததற்கு ஒவ்வொரு துளையின் விளிம்பிலும் பெயின்ட் போய்விடும். நம்மூர் மழைக்கும் ஈரத்துக்கும் அடுத்த வருடமே துரு கிளம்பும். நல்ல பாடி உள்ள டிஎக்ஸ் இன்று தேடினாலும் எளிதில் கிடைப்பதில்லை, டிரிஃப்ட் பையன்கள் பாதியை முடித்துவிட்டார்கள். அப்படிப்பட்ட பாடியை அரைக் கிலோவுக்காகச் சல்லடை ஆக்குவது எனக்குப் பொறுக்காது.

காசு செலவில்லாமல் போகும் எடை எங்கே இருக்கிறதென்றால், முதலில் எண்ணெய்த் தொட்டியில். பெட்ரோல் லிட்டருக்கு முக்கால் கிலோ. தொட்டி சுமார் 50 லிட்டர். முழுக்க நிரப்பி வந்தவர் பத்து லிட்டரோடு ஓட்டினால் 30 கிலோ குறைந்துவிட்டது. அதற்கும் கீழே இறங்க வேண்டாம். வேகமாகக் கிளம்பும்போது எண்ணெய் பின்பக்கம் ஓடும், உறிஞ்சு குழாயில் காற்று ஏறினால் கார்புரேட்டர் வறண்டு காடி பாதியில் இருமும்.

அடுத்தது பூட். ஸ்பேர் டயர், ஜேக், கருவிகள் சேர்ந்து 15 கிலோ வரும். நம் பழைய காடிகளில் பாதிக்கு சப்வூஃபர் பெட்டி ஒன்று இருக்கும், ஆம்ப்ளிஃபையரோடு சேர்த்தால் அதுவே 15, 20 கிலோ. பின் சீட்டும் முதுகுச் சாய்வும் சேர்ந்து 15 கிலோ, முன் பயணி சீட் 12, 13 கிலோ. பம்பர் இரண்டும் கழன்றால் பத்து கிலோ சுற்று வரும். நான் பார்த்த காடிகளில் ஏறக்குறைய இப்படித்தான் வந்திருக்கிறது. உங்கள் தராசு கொஞ்சம் முன்பின் சொல்லலாம்.

இவற்றையெல்லாம் வீட்டிலேயே கழற்றிவிட்டுச் சாலையில் போகாதீர்கள். பம்பர் இல்லாமல், சீட் இல்லாமல் நெடுஞ்சாலையில் போனால் ஜேபிஜே (சாலைப் போக்குவரத்து இலாகா) அதிகாரிகள் நிறுத்துவார்கள், விபத்து என்றால் இன்சூரன்ஸ்காரர்களும் கேள்வி கேட்பார்கள். சிப்பாங் பந்தயத் தடத்தில் அனுமதியோடு டிராக் நாள் நடக்கும்போது எல்லாவற்றோடும் ஓட்டிப் போங்கள். அங்கே பேடக்கில் (காடிகளை நிறுத்தித் தயார்செய்யும் இடம்) ஒரு தார்ப்பாய் விரித்து, அரை மணி நேரத்தில் கழற்றி அடுக்கலாம். திரும்பும்போது மாட்டிக்கொண்டு வரலாம். போல்ட்டுகளுக்கு முந்தின வாரமே டபிள்யூடி-40 அடித்து, ஒரு தடவை கழற்றி கிரீஸ் தடவி மாட்டி வைத்திருந்தால் அன்றைக்குக் கஷ்டமில்லை. நள்ளிரவில் நெடுஞ்சாலையில் ஓட்டிப் பார்க்கலாம் என்ற எண்ணம் இருந்தால் விட்டுவிடுங்கள். 1987 சாலைப் போக்குவரத்துச் சட்டப்படி அனுமதியில்லாமல் சாலையில் பந்தயம் குற்றம், அந்த நேரத்தில் வேலை முடிந்து மோட்டார் சைக்கிளில் வீடு திரும்பும் ஆளும் அதே சாலையில்தான் வருகிறான்.

கார்ப்பெட்டைத் தனியாகச் சொல்ல வேண்டும். அதற்கடியில் சணல் போன்ற ஒரு மெத்தை இருக்கும். காய்ந்திருந்தால் எல்லாம் சேர்ந்து எட்டுப் பத்துக் கிலோ. ஆனால் நாற்பது வருடக் காடியில் முன் கண்ணாடி ரப்பர் கசியாமல் இருந்தால் அதிசயம். மழை நீர் இறங்கி அந்த மெத்தையில் போய்த் தங்கும், மேலே கார்ப்பெட் காய்ந்த மாதிரியே தெரியும். என் 120ஒய்யில் அதைத் தூக்கியபோது பிழிந்தால் தண்ணீர் கொட்டியது. கீழே தரை முழுக்கத் துரு. எடைக்காகத் திறந்தது, காடியின் உயிரைக் காப்பாற்றியது என்றுகூடச் சொல்லலாம். டிராக் ஓட்டும் எண்ணமே இல்லாதவர்களும் ஒரு தடவை தூக்கிப் பாருங்கள்.

அதற்கும் கீழே தகட்டோடு ஒட்டியிருக்கும் தார்ப்பூச்சு. டிரை ஐஸ் வாங்கிப் பரப்பினால், மைனஸ் 78 டிகிரி குளிரில் தார் கண்ணாடி மாதிரி இறுகிவிடும், சுத்தியலால் தட்டினால் உதிரும். கையுறை போட்டு, நான்கு கதவும் திறந்து, வெட்டவெளியில் செய்ய வேண்டும். மூடிய இடத்தில் அந்த வாயு மூச்சை அடைக்கும். டிஎக்ஸில் சில கிலோதான் தேறும். ஞாயிற்றுக்கிழமை வேறு வேலை இல்லையென்றால் செய்யலாம்.

ஏர்கான் உங்கள் காடியில் இருக்கிறதா என்று எழுதவில்லை. இருந்தால் கம்ப்ரெசர், கண்டென்சர், கூலிங் காயில், குழாய்கள் எல்லாம் சேர்ந்து 20 கிலோவுக்கு மேல், அதில் பெரும்பகுதி முன்சக்கரத்துக்கு மேலேயே உட்கார்ந்திருக்கிறது. பின்சக்கரக் காடிக்கு முன்பக்கம் குறையும் ஒவ்வொரு கிலோவும் நல்ல கிலோ. ஆனால் இந்தச் சூட்டில் தினமும் ஓட்டும் காடியாக இருந்தால், என் வோட்டு ஏர்கானை விட்டுவைக்கத்தான். எடுப்பதாக இருந்தால் கேஸைத் திறந்துவிடாமல் ஏர்கான் கடையில் உறிஞ்சி எடுக்கச் சொல்லுங்கள்.

காசு போட வேண்டிய இடம் இரண்டு. ஒன்று எக்ஸ்ட்ராக்டர், அதாவது எஞ்ஜினிலிருந்து புகையை வெளியேற்றும் குழாய்த் தொகுதி. வார்ப்பிரும்பு மேனிஃபோல்டைக் கழற்றிவிட்டுக் குழாய் எக்ஸ்ட்ராக்டர் மாட்டினால் நாலைந்து கிலோ முன்பக்கத்திலிருந்து போகும், கொஞ்சம் சக்தியும் கூடும். பழையது கிடைத்தால் போதும், வெல்டிங்கில் விரிசல் இருக்கிறதா என்று மட்டும் பாருங்கள். இன்னொன்று சக்கரம். டயரின் வெளிவிளிம்பில் இருக்கும் ஒரு கிலோ, முன்னே நகரவும் வேண்டும், சுற்றவும் வேண்டும் என்பதால் பாடியில் இருக்கும் இரண்டு கிலோவுக்குச் சமம். அழகுக்காக 15 அங்குல ரிம் போட்டிருந்தால் அதை விற்றுவிட்டு, லேசான 13 அங்குல அலாய் பழையது ஒரு செட் தேடுங்கள். முன்னால் ஒல்லி டயர், பின்னால் நல்ல பிடிப்புள்ள டயர். விற்றதிலும் வாங்கியதிலும் கணக்கு நேராகக்கூட வரலாம்.

ஃப்ளைவீலை, அதாவது எஞ்ஜினோடு சேர்ந்து சுற்றும் கனமான இரும்புச் சக்கரத்தை, கடைந்து மெலிதாக்க வேண்டும் என்று பட்டறை ஃபோர்மன் யாராவது சொல்வார். காகிதத்தில் அது மயக்கும். முதல் கியரில் எஞ்ஜின் 14 சுற்று போனால் சக்கரம் ஒரு சுற்று என்று வைத்தால், ஃப்ளைவீல் விளிம்பிலிருந்து இரண்டு கிலோ எடுப்பது பாடியிலிருந்து 70 கிலோ எடுத்த மாதிரி. நான்காவது கியரில் அதே இரண்டு கிலோவுக்குப் பத்துக் கிலோ மதிப்புகூட இல்லை. சரி, முதல் கியருக்காவது நல்லதுதானே என்றால், 1300 சிசி எஞ்ஜினுக்கு கிளட்ச் விடும் கணத்தில் அந்த ஃப்ளைவீலில் சேர்ந்திருக்கும் சுழற்சிதான் காடியைத் தள்ளிவிடுகிறது. ரொம்பக் கடைந்தால் எஞ்ஜின் சட்டென்று அமுங்கிவிடும். பழைய வார்ப்பிரும்பை மெலிதாக்கினால் அதிக சுற்றில் அது வெடித்துச் சிதறும் ஆபத்தும் உண்டு, அது இருப்பது உங்கள் காலுக்குப் பக்கத்தில். கிளட்ச் மாற்ற கியர்பாக்ஸ் இறங்கும் நாள் வந்தால், நல்ல கடைசல் கடையில் அளவோடு எடுத்து பேலன்ஸ் செய்யலாம். இதற்காகவே இறக்க வேண்டாம்.

பேட்டரியை பூட்டுக்கு மாற்றுவது எடையைக் குறைக்காது, கேபிளால் கொஞ்சம் கூடவே செய்யும். ஆனால் 12 கிலோ முன்னாலிருந்து பின் டயருக்கு மேலே போகிறது, பிடிப்பு கூடும். இங்கேதான் அமெரிக்க வீடியோ பார்ப்பவர்கள் ஏமாறுகிறார்கள். அவர்கள் 'பயணி பக்கம் பின்னால் வையுங்கள்' என்பார்கள். அவர்களுக்குப் பயணி பக்கம் வலது. எஞ்ஜின் முறுக்கு, திட ஆக்ஸில் (இரண்டு பின்சக்கரத்தையும் இணைக்கும் ஒரே தண்டு) உள்ள காடியில் வலது பின்சக்கரத்தைத் தூக்கப் பார்க்கும், அதனால்தான் அந்தப் பக்கம் பாரம் வைக்கிறார்கள். நமக்கு வலது என்பது ஓட்டுநர் பக்கம். நீங்கள் உட்கார்ந்திருப்பதே அந்தப் பக்கத்துக்குப் பாதி உதவி. பேட்டரியையும் வலது பின் மூலையிலேயே வையுங்கள். மூடிய பெட்டி, வெளியே காற்றுக்குழாய், தரையோடு போல்ட், தடித்த கேபிள், ஃபியூஸ், வெளியிலிருந்து அணைக்கும் கட்-ஆஃப் சுவிட்ச் இத்தனையும் இல்லாமல் செய்யக் கூடாது. பட்ஜெட் பத்தவில்லையென்றால் பேட்டரி முன்னாலேயே இருக்கட்டும்.

முதல் தலைமுறை புரோட்டான் சாகா வைத்திருப்பவர்கள் இதைப் படித்தால், உங்களுக்கு எல்லாம் தலைகீழ். முன்சக்கர ஓட்டம், ஆகவே பின்னால் இருப்பதையெல்லாம் தயங்காமல் கழற்றுங்கள், பேட்டரியைத் தொடாதீர்கள்.

கண்ணாடி விஷயம். பாலிகார்பனேட் அதே தடிமனில் கண்ணாடியில் பாதி எடைதான், உண்மை. ஆனால் கீறல் விழும், சாலையில் பிரச்சினை, ஆயிரம் வெள்ளிக்குள் ஒழுங்காகச் செய்யவும் முடியாது. கடைக்காரர் அக்ரிலிக் கொடுத்தால் வாங்கவே வாங்காதீர்கள், உடைந்தால் கத்தி மாதிரி சிதறும். ஃபைபர் போனட்டும் அடுத்த வருடக் கனவாக இருக்கட்டும். ஓட்டுநர் கதவின் உள்பாகங்கள், சீட் பெல்ட், பிரேக் சம்பந்தப்பட்ட எதையும் எடைக்காகத் தொட வேண்டாம். நேரம் எவ்வளவு மெதுவாக இருந்தாலும் ஹெல்மெட் போடுங்கள். ரேஸுக்கு முந்தின இரவு மாமாக் கடையில் ரொட்டி சானாயை ஒன்றோடு நிறுத்துவதும் எடைக் குறைப்புதான், அதற்கு ஸ்பேனரும் வேண்டாம்.

கழற்றிய பொருளை எடை பார்த்த இடத்திலேயே இரும்புக் கடைக்காரரிடம் விற்றுவிடாதீர்கள். டிஎக்ஸின் அசல் பம்பர், அசல் பின் சீட்டுக்கு இன்று ஆள் தேடி அலைகிறார்கள். பெயர் எழுதி, பிளாஸ்டிக்கில் சுற்றி, வீட்டில் உயரமான இடத்தில் வையுங்கள்.

கடைசியாக பிரேக். பின் சீட், ஸ்பேர் டயர், பூட் சாமான் எல்லாம் போனபின் காடியின் பின்பக்கம் கொஞ்சம் எழும்பும். அழுத்திப் பிரேக் பிடித்தால் பின்சக்கரம் முன்பைவிடச் சீக்கிரம் பூட்டிக்கொள்ளும், வால் வழுக்கும். முதல் ஓட்டத்தைப் பாதி வேகத்தில் முடித்து, கோட்டைத் தாண்டியதும் மெதுவாகப் பிரேக் பிடித்துப் பாருங்கள். வால் ஆடினால் பேடக்குக்குத் திரும்பிப் போய் ஸ்பேர் டயரைப் பழைய இடத்தில் வைத்துக் கட்டிவிட்டு ஓட்டுங்கள்.